லாலியில் போட்டது தொலையாது

அம்மா இறந்த நூறாம் இரவுச் சடங்கு முடிந்து, உனைசி கண்டாவுத் தீவிலிருந்து கப்பலேறி சூவாவுக்குத் திரும்பினாள். துறைமுகத்திலிருந்து விடுதிக்குப் போகாமல் நேராகப் பல்கலைக்கழகத்தில் என் அறைக்கு வந்தாள். வெளியே வழக்கம்போல மழை. இலையில் மடித்த வாக்கலோலோ இனிப்பை என் மேஜைமேல் வைத்தாள். அவள் அம்மா செய்தால் தேங்காய்ப்பாலும் வெல்லமும் தூக்கலாக இருக்கும். இது அத்தை செய்ததாம்.

"மிஸ், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

உடனே கேட்டுவிட்டால் அவள் உனைசி இல்லை. ஈரமான முடியை முடிந்தாள், அவிழ்த்தாள், மறுபடி முடிந்தாள். பிறகு போனை எடுத்து லாலி செயலியைத் திறந்து, கண்டாவு என்று தேர்ந்தெடுத்து, புயல் எச்சரிக்கையை அழுத்தினாள். ஒரு இயந்திரக் குரல், தபால் நிலையத்தில் டோக்கன் நம்பரைக் கூப்பிடுவதுபோல, காற்று வலுக்கிறது, படகுகளை மேலே இழுத்துக் கட்டுங்கள் என்றது.

"இது யாரு மிஸ்?" என்றாள்.

அங்கே இருக்கவேண்டியது அவள் அம்மாவின் குரல்.

ஊரைக் கூட்ட அடிக்கிற மரமுரசின் பெயரைத்தான் எங்கள் மென்பொருளுக்கு வைத்திருந்தோம். வானொலி பேசுவது பாவு மொழி. தீவுகளில் இருக்கிற வயசானவர்களுக்கு அது ஆபீஸ்காரன் பேச்சு, பாதி காதில் ஏறாது. புயல் வரும்போது அவரவர் தீவின் பேச்சில், அவரவர் ஊர்க்காரி ஒருத்தி சொன்னால் உடனே எழுந்து ஓடுவார்கள். அதற்காகத்தான் லாலி. கட்டற்ற மென்பொருள், யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் சொந்தம். ஒவ்வொரு வருஷமும் மாணவர்கள் வந்து ஆளுக்கொரு துண்டு செய்வார்கள். கூடவே இருந்து சொல்லிக் கொடுப்பதும், திட்டுவதும், தேநீர் வாங்கிக் கொடுப்பதும் என் வேலை. போன வருஷம் கண்டாவுப் பகுதியை உனைசி எடுத்துக்கொண்டாள். ஊருக்குப் போய், மாமன் மகனிடம் போனை இரவல் வாங்கி, அம்மாவை உட்காரவைத்து எல்லா எச்சரிக்கையையும் பேசவைத்துப் பதிந்து வந்தாள். அம்மாவின் கையில் இருந்தது பட்டன் போன். அந்த மனுஷியின் குரல் உலகத்தில் பதிவானது அந்த ஒரு தடவைதான்.

"நூறு நாளும் நான் திறக்கல மிஸ்," என்றாள் உனைசி. "துக்கத்துல கேக்கக்கூடாதுன்னு வச்சிருந்தேன். நேத்து முந்தின நாள் எல்லாரும் பாய்ல உக்காந்திருந்தாங்க. அப்பா, அத்தைங்க, சின்னப்பிள்ளைங்க. அம்மா பேசுறதக் கேளுங்கன்னு சொல்லி நடுவுல போனை வச்சேன். அப்பா தொப்பியைக் கழட்டினார்."

"அப்புறம்?"

"இது பேசிச்சு. குட்டிங்க சிரிச்சிடுச்சுங்க. அப்பா தொப்பியை மறுபடி மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டார்."

எதற்கும் ஒரு வழி இருக்கும் என்பவள் இந்தக் கலாவதி நாயுடு.

"உன் மாமன் மகன் போன்ல இருக்குமே?"

"இடம் இல்லன்னு அப்பவே அழிச்சிட்டோம் மிஸ். லாலியில போட்டாச்சே. நீங்கதானே சொன்னீங்க, இங்க போட்டது தொலையாதுன்னு."

சொன்னேன். ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் முதல் பாடமாக அதைத்தான் சொல்கிறேன். உன் கம்ப்யூட்டர் கடலில் விழட்டும், புயலில் வீடே பறக்கட்டும், பொதுக் களஞ்சியத்தில் சேர்த்தது தொலையாது. சேர்ந்து வேலை செய்கிற ஒவ்வொருத்தரிடமும் முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை முழுசாக ஒரு பிரதி இருக்கும். ஒன்று போனால் இன்னொன்று. பொய் சொல்லவில்லை, அது அப்படித்தான். வீட்டுக்காரனே அரிவாளை எடுத்துப் பழையதையெல்லாம் வேரோடு வெட்டினால் ஒழிய.

வெலிங்டனில் இருக்கிற ஹேமிஷைக் கூப்பிட்டேன். லாலியைத் தொடங்கியவன் அவன், எதைச் சேர்ப்பது எதை நீக்குவது என்பதில் கடைசிக் கையெழுத்தும் அவனுடையது. ஸ்பீக்கரில் போட்டேன், உனைசியும் கேட்கட்டும் என்று.

"கண்டாவுக் குரல் எங்க ஹேமிஷ்?"

"எல்லாத் தீவுக் குரலையும் எடுத்துட்டேனே கலா. நீ லம்பாசாவுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப. ஒலிக்கோப்பெல்லாம் சேர்ந்து களஞ்சியம் யானை மாதிரி பெருத்துப் போச்சு. தீவுப் பசங்க ஒரு பிரதி எடுத்தாலே அந்த மாசத்து டேட்டா காலி. உங்க பசங்கதான் அழுதாங்க. அதான் இயந்திரக் குரல் வச்சு, பழசைக் களஞ்சியத்தோட வரலாற்றுலேர்ந்தே துடைச்சிட்டேன்."

"யாரைக் கேட்டுச் செஞ்சே?"

"எல்லாரையும் கேட்டேன். வாரக் கூட்டத்துல வச்சு யாருக்காவது ஆட்சேபணை இருக்கான்னு கேட்டேன். உனைசி பேரைச் சொல்லித் தனியாவும் கேட்டேன். ஒருத்தரும் பேசல."

எங்கள் வழக்கம் அதுதான். யோசனையை முன்வைப்பது, மறுத்து ஒருவரும் பேசாவிட்டால் எல்லாருக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மேலே போவது. உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறவர்கள் கை தூக்கி ஓட்டுப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. எங்கள் வீட்டிலும் மௌனம் சம்மதம் என்றுதானே சொல்வார்கள்.

உனைசியைப் பார்த்தேன். ஆத்திரம் அவள் பக்கம் திரும்பியது. "ஏன்டி வாயைத் திறக்கல? உன் அம்மா குரல்டி அது."

"அதான் மிஸ் பேசாம இருந்தேன்," என்றாள்.

"என்னடி சொல்றே?"

"வயசுல பெரியவர் கேக்கறார். அவர் முகத்துக்கு நேரா வேணாம்னு எப்படிச் சொல்றது? எங்க ஊர்ல பெரியவங்க ஒண்ணு கேட்டு, யாரும் பதில் சொல்லாம தலையைக் குனிஞ்சா, வேணாம்னு அர்த்தம். அவங்களே பேச்சை மாத்திடுவாங்க. இவரும் அதுக்கப்புறம் வேற விஷயம் பேச ஆரம்பிச்சார். சரி, விட்டுட்டார்னு நினைச்சேன். மனசுக்குள்ள நன்றிகூடச் சொன்னேன்."

ஹேமிஷ் போனில் குறுக்கிட்டான். "அவங்க அம்மா ஊர்லதானே இருக்காங்க, திரும்பப் பதிஞ்சுக்கலாமே?" என்றான். பாவி, அவனுக்குச் செய்தி போயிருக்கவில்லை. நான் சொன்னேன். அவன் போனை வைத்துவிட்டான்.

தேட ஆரம்பித்தேன். ஒரே ஒரு பழைய பிரதி போதும். யாரோ ஒருத்தன் சோம்பேறியாக இருந்தால் போதும். ஆனால் துடைத்த கையோடு ஹேமிஷ் எல்லாருக்கும் கட்டளை போட்டிருந்தான்: பழைய பிரதியை அழித்துவிட்டுப் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள், பழையதிலிருந்து யாராவது எதையாவது அனுப்பினால் துடைத்ததெல்லாம் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். சாதாரணமாகப் பத்துப் பேரிடம் ஒன்று சொன்னால் இரண்டு பேர் செய்வார்கள், நான் தொண்டை கிழியக் கத்துவேன். இந்த ஒரு தடவை எல்லாரும் செய்திருந்தார்கள். டோங்காவில் இருப்பவள் செய்திருந்தாள், வனுவாட்டுப் பையன் செய்திருந்தான், குரல்கள் போனது தெரியாமல் உனைசியும் செய்திருந்தாள். நானும் கல்யாணத்திலிருந்து திரும்பி, கையில் மருதாணி போகுமுன், எதைத் துடைத்தான் என்று கேட்காமலே அதைச் செய்திருந்தேன். தீவு ஜனங்களின் போனில் இருந்த லாலியும் தானாகப் புதுசாகிவிட்டிருந்தது. களஞ்சியத்தை வைத்திருக்கிற கம்பெனிக்கு எழுதினேன். பழைய மிச்சங்களையும் அடியோடு நீக்கச் சொல்லி எங்கள் தரப்பிலிருந்தே கேட்டதாகவும், அப்படியே நீக்கிவிட்டதாகவும் பணிவாகப் பதில் வந்தது. ஹேமிஷ் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை.

மிஞ்சியது அப்பிசாய். என் மாணவர்களிலேயே சொன்ன பேச்சைக் கேட்காதவன். ரக்பி ஆட அழைத்தால் காய்ச்சலோடும் ஓடுவான், வேலை என்றால் கால் வலிக்கும். அவனை நினைத்ததும் எனக்கு உயிர் வந்தது. மைதானத்திலிருந்து, முழங்கால் எல்லாம் சேற்றோடு, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். உனைசி வாசல் பக்கம் நின்றாள்.

"டேய், உன்கிட்ட லாலி பழைய பிரதி இருக்குதானே?"

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "இல்ல மிஸ். அழிச்சிட்டேன்."

"பொய் சொல்லாதடா. நீயாவது அழிக்கிறதாவது."

"சத்தியமா மிஸ். நீங்கதானே குழுவுல எல்லார் முன்னாடியும், அப்பிசாய், ஜென்மத்துல ஒரு தடவையாவது சொன்னதைச் செய்டான்னு போட்டீங்க. ரோஷம் வந்து அன்னிக்கே செஞ்சிட்டேன். குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன்." பாராட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். பிறகு உனைசியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஏன் மிஸ்? என்ன ஆச்சு?"

உனைசிதான் சொன்னாள், ரெண்டே வரியில். அவன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான். அவ்வளவு பெரிய உடம்பு, குழந்தை மாதிரி முகத்தை மூடிக்கொண்டது. அவள் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்தாள். ஆறுதல் சொல்லவேண்டியவர்கள் நாங்கள், அதையும் அவளே செய்தாள். நான் வாக்கலோலோவைப் பிரித்து மூன்று துண்டாக்கினேன். யாரும் தொடவில்லை.

மறுநாள் ஹேமிஷிடமிருந்து ஒரு அறிக்கை வந்தது. இதுவும் எங்கள் தொழிலின் வழக்கம். ஏதாவது உடைந்தால், யார் பெயரையும் சொல்லாமல், யார்மீதும் பழி போடாமல், என்ன நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன செய்வது என்று எழுதவேண்டும். ஆளைக் குறை சொன்னால் அடுத்த தடவை மறைப்பார்கள், அதனால் நடைமுறையைக் குறை சொல். நல்ல வழக்கம்தான், நானே பாடம் எடுத்திருக்கிறேன். அன்றைக்கு அதைப் படிக்கப் படிக்க உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "சில ஒலிச் சொத்துகளின் இழப்பு" என்று எழுதியிருந்தான்.

கூப்பிட்டுக் கத்தினேன். "சொத்தா? ஒரு மனுஷி அடுப்படியிலேர்ந்து ஈரக்கையோட வந்து உக்காந்து பேசினது ஹேமிஷ். நடைமுறை மேல பழியாம். நடைமுறை போய் அந்த அப்பன் முன்னாடி உக்காருமா? யாருகிட்ட என்ன நீதி பேசுறே?"

"நான் என்ன செய்யணும் கலா?" என்றான். குரல் உடைந்திருந்தது. எனக்கு அவன்மேலும் பாவமாகத்தான் இருந்தது. டேட்டாவுக்கு அழுத பிள்ளைகளுக்காகச் செய்தான், தனக்காகவா செய்தான்?

"தேடு," என்றேன்.

தேடினான். வாரக் கடைசியில், மதிய வெயில் அதிசயமாகக் கொஞ்சம் எட்டிப் பார்த்த நேரத்தில் கூப்பிட்டான். உனைசி என் அறையில்தான் இருந்தாள், வனுவாட்டுப் பையனின் வேலையைச் சரிபார்த்துக்கொண்டு. ஆமாம், அவள் லாலியை விட்டுப் போகவில்லை. போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"ஒண்ணு கிடைச்சிருக்கு," என்றான் ஹேமிஷ். "களஞ்சியத்துல இல்ல. அவ முதல்ல அனுப்பின பதிவு. நான் பார்த்துட்டுத் திருப்பி அனுப்பினேன், ஞாபகம் இருக்கா? சேர்க்காததால அது களஞ்சியத்துக்குள்ளயே போகல. சரிபார்ப்புப் பக்கத்துல, அவ குறிப்போட இணைச்சபடி அப்படியே கிடக்கு. ஒரே ஒரு எச்சரிக்கைதான். மத்ததெல்லாம் போனது போனதுதான்."

பக்கத்தைத் திறந்தோம். இணைப்புக்குக் கீழே ஹேமிஷ் எழுதியிருந்தது தெரிந்தது: குரல் அருமை, ஆனால் முடிவில் சொந்தப் பேச்சு கலந்திருக்கிறது, வெட்டிவிட்டு மறுபடி அனுப்பவும். அதற்குக் கீழே உனைசி: மன்னிக்கவும், வெட்டிவிட்டேன்.

உனைசி அழுத்தினாள்.

கோழி ஒன்று கொக்கரித்தது. பிறகு அந்த அம்மாள், கண்டாவுப் பேச்சில், நிதானமாக, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல: காற்று வலுக்கிறது. படகை மேலே இழுத்துக் கட்டுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள். நான் வந்துவிட்டேன், நீங்களும் வாருங்கள்.

அதோடு எச்சரிக்கை முடிந்தது. பதிவு முடியவில்லை.

"போதுமா? நின்னுடுச்சா?"

"இன்னும் ஓடுதும்மா," என்றது பதிவில் உனைசியின் குரல், சிரிப்போடு.

"எனக்கு வெக்கமா இருக்குடி. இதை யாரு வச்சுக்கப் போறா? உங்க ஆளுங்க தூக்கிப் போட்டுடுவாங்க."

"போடமாட்டாங்கம்மா. எங்க மிஸ் சொல்லியிருக்காங்க. அங்க போட்டது எதுவும் தொலையாது."

"அப்படியா," என்றாள் அந்த அம்மாள். "அப்ப சரி."

அவ்வளவுதான் பதிவு. உனைசி கையை எடுக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுதா?" என்றான் ஹேமிஷ் போனில். "இதை உனைசியோட அப்பாவுக்கு அனுப்பலாமா? கடைசியில இருக்கிற பேச்சோடயே அனுப்பலாம்ல?"

உனைசி தலையைக் குனிந்தாள். நான் அவளைப் பார்த்தேன்; தொலையாது என்று அவள் கொடுத்த வாக்கை அப்பா எப்படிக் கேட்பார்? அவள் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஹேமிஷ் காத்திருந்தான். வெகுநேரம் காத்திருந்தான். பிறகு, "சரி, அனுப்பல," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கண்டாவில் இப்போது மழையா என்று கேட்டான்.