தட்டில் வந்த வெர்மென்டினோ

“தட்டுல வாங்கியிருக்கறயே புள்ள, தட்டுல!”

“கையெல்லாம் மாவுங்க. வேற எதுல வாங்கறது? முந்தானையிலயா?”

“கீழ வெச்சுட்டுப் போன்னு சொல்லியிருக்கலாமில்ல?”

“மாப்ள வூட்டுப் பொருளைக் கீழ வெக்கச் சொல்றதா?”

“யாரு மாப்ள? யாருக்கு மாப்ள?”

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் டவுன்ஹவுஸ் வரிசையில் சுவர் என்பது ஒரு மரியாதைக்காக நிற்பது. அந்தப் பக்கம் வெங்கடாசலம் கனைத்தால் இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் நஞ்சுண்டன் தண்ணீர் எடுத்துக் குடிப்பார். ஒட்டுக்கேட்கும் பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. டிவியை மட்டும் கொஞ்சம் குறைத்தேன்.

சண்டை ஒரு பாட்டிலைப் பற்றி. வெங்கடாசலம் – கண்மணியின் ஒரே மகள் ரோஷினிக்கு, ஆந்தனி என்ற இத்தாலிக்காரப் பையனோடு இரண்டு வருடமாகப் பழக்கம். பையன் பிறந்ததென்னவோ இதே நியூ ஜெர்சியில்தான். அவனும் அவன் அம்மா லொரெய்னும் சனிக்கிழமை முதல் தடவையாக விருந்துக்கு வருவதாக ஏற்பாடு. புதன்கிழமையே அவன் ஒரு இத்தாலிய வெள்ளை வைனைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறான். பெயர் வெர்மென்டினோ. நன்றாகக் குளிர வேண்டும், மீனோ எலுமிச்சையோ உப்பும் மொறுமொறுப்புமாக எதையாவது பொரித்ததோ இருந்தால் எடுபடும், காரம் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு அது சாப்பாட்டுக்கு ஒரு பாட்டில். எங்கள் ஊர் கோபிப் பக்கத்தில் பையன் வீட்டுப் பொருளைத் தட்டில் வாங்கிவிட்டால் பாதி சம்மதம்.

வெங்கடாசலம் மகளிடம் “சாப்பிட வரட்டும், பாக்கலாம்” என்பதற்கு மேல் ஒரு சொல் தரவில்லை. ரோஷினியும் லேசுப்பட்டவள் இல்லை. ஆந்தனிக்கு ஜூனில் சான் ஹோசேயில் வேலை. “வெட்டிங்கோட போனாலும் சரி, வெட்டிங் இல்லாம போனாலும் சரி, ஐ’ம் கோயிங், அப்பா” என்று அவள் சொன்னதும் இதே சுவர் வழியாகத்தான் எனக்குத் தெரியும். இதில் கண்மணி எந்தப் பக்கம் என்பதை அந்தத் தட்டு சொல்லிவிட்டது. மாவுக் கையாம்! மாவுக் கையோடு பித்தளைத் தட்டைத் தேடி எடுக்க முடிந்தவளுக்குக் கையைக் கழுவவா நேரமில்லை?

சிறிது நேரத்தில் என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. கண்மணி, இடுப்பில் பாட்டிலோடு.

“மரகதக்கா, சனிக்கிழமை வரைக்கும் இது உங்க ஃப்ரிட்ஜுல இருக்கட்டுங்க. புரட்டாசி மாசம், எங்கூட்டு ஃப்ரிட்ஜுல வெக்கப்படாதுங்கறாரு.”

“எங்கூட்லயும் புரட்டாசிதான் நடக்குது கண்மணி.”

“நீங்க கணக்குப் பாக்க மாட்டீங்கன்னு...”

பாட்டிலின் கழுத்தில் ஒரு குங்குமப் பொட்டு. நான் பார்த்துவிட்டதைப் பார்த்து, “பழக்க தோசம்” என்று முந்தானையால் துடைத்தாள். சரியாகப் போகவில்லை.

தோசை மாவுக்கும் தயிருக்கும் நடுவில் அதைப் படுக்க வைத்தேன். ரோஷினியை என் மகன் அகிலனுக்குக் கேட்கலாம் என்று எனக்கு ஒரு யோசனை இருந்த காலமும் உண்டு. கடைசியில் போட்டிக்காரனின் சீரை என் வீட்டு ஃப்ரிட்ஜிலேயே குளிரவைக்கும்படி ஆயிற்று. நஞ்சுண்டனுக்கு அன்றிலிருந்து மணிக்கொரு தரம் தாகம்.

“இது கெட்டுப் போயிராதா?”

“நீங்க கெட்டுப் போகாம இருங்க.”

சனிக்கிழமை அந்த வீட்டில் யாருக்கும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வெங்கடாசலம் அக்டோபர் குளிரில் புல் வெட்டினார். வெட்டின இடத்திலேயே மறுபடி வெட்டினார். காரை வெளியே எடுத்தார், உள்ளே விட்டார். ரோஷினி போனைக் காதில் வைத்துக்கொண்டு டிரைவ்வேயை அளந்தாள். கண்மணி மட்டும் அடுப்படியில், எனக்கே சொல்லாத ஒரு தெளிவோடு இருந்தாள். மீன் முடியாது. ஆனால் எலுமிச்சை சேவை முடியும். மிளகாய்த்தூள் இல்லாமல் மிளகும் உப்பும் போட்ட வாழைக்காய் பஜ்ஜி முடியும். மாங்காய் தேங்காய் போட்ட சுண்டல் முடியும். “புளிப்பு, உப்பு, எண்ணெ. அவ்வளவுதானுங்கக்கா அந்தப் பாட்டல் கேக்குது,” என்றாள். கல்யாணச் சமையல்காரனிடம் பேசுகிற குரல்.

பாட்டிலை நான்தான் கொண்டுபோனேன். அதைக் கையால் தொட மாட்டேன் என்பது வெங்கடாசலத்தின் நிபந்தனை. எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்த வீட்டில் கார்க் திறக்கிற சாமான் கிடையாது. என் வீட்டில் மட்டும் இருக்குமா? ஆந்தனி கத்தியால் குத்திப் பார்த்தான். கார்க் உதிர்ந்தது. பிறகு சாவியால் நெம்பினான். வெங்கடாசலம் மெக்கானிகல் இன்ஜினியர். சம்பந்தத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மறுப்பார். ஒருத்தன் தப்பான ஆயுதத்தோடு போராடுவதை அவரால் பார்க்க முடியாது.

“அட, குடுங்க இப்படி!”

கராஜுக்குப் போய் ஒரு நீள மர ஸ்க்ரூவும் பிளையரும் எடுத்து வந்தார். பாட்டிலை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கி, ஸ்க்ரூவைத் திருகி, பிளையரால் பிடித்து ஒரே இழுப்பு. ‘டப்’ என்று வந்தது. ஆந்தனி கைதட்டினான். கண்மணி என்னைப் பார்த்தாள். நான் சுண்டலைப் பார்த்தேன்.

லொரெய்ன் கண்ணாடிக் கோப்பையை விட்டுவிட்டு எவர்சில்வர் டம்ளர் கேட்டாள். டம்ளரின் வெளியே வேர்த்தது. ஒரு வாய் குடித்தாள், ஒரு பஜ்ஜி கடித்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். தன் புருஷன் உயிரோடு இருந்திருந்தால் இந்தத் தட்டு யாருக்கும் மிஞ்சியிருக்காது என்றாள். ஆந்தனி வெங்கடாசலத்தின் டம்ளரில் ஊற்றப் போனபோது அவர், “சாட்டர்டே... காட்...” என்று மேலே கையைக் காட்டினார். லொரெய்ன் சட்டென்று அந்த டம்ளரின் வாயை உள்ளங்கையால் மூடினாள். ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள் தானும் தொடுவதில்லை என்று மகனை அதட்டினாள். அப்போதுதான் வெங்கடாசலம் அந்த அம்மாளை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். பிறகு சேவைத் தட்டை அவள் பக்கம் தள்ளினார்.

மறுநாள் காலை, அங்கே விட்டுவந்த என் டப்பராவை வாங்கிவரப் போனேன். (ஆமாம், டப்பராவுக்காகத்தான்.) காலி பாட்டில் கழுவிக் கவிழ்த்திருந்தது.

“ரீசைக்கிளிங்ல போடு,” என்றார் வெங்கடாசலம்.

“அவீக வூட்டு ஏனமுங்க. காலியாவா அனுப்பறது?”

“நான் சம்மதம்னு சொல்லல.”

“நான் கேக்கவே இல்லீங்களே.”

அவர் ஹாலில் இரண்டு நடை நடந்தார். சோபாவில் உட்கார்ந்தார், எழுந்தார். கண்மணி அன்று உருக்கின நெய்யையும் ஒரு புனலையும் எடுத்து வந்தபோது, “நீ ஊத்துனா சிந்திருவ” என்று புனலை வாங்கிக்கொண்டார்.

மே மாதம் கல்யாணம். காலையில் கோயில், மத்தியானம் சர்ச். ஜூனில் ரோஷினியும் ஆந்தனியும் சொன்னபடியே சான் ஹோசேக்குப் போய்விட்டார்கள். என் அகிலன் அடுத்த வருடம் டெக்சாஸில் ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். பக்கத்து வீட்டில் இப்போது சண்டையும் இல்லை. நான் டிவியைச் சத்தமாகவே வைக்கிறேன்.

கல்யாணத்துக்கு அடுத்து வந்த பிப்ரவரியில் லொரெய்ன் கண்மணியையும் வெங்கடாசலத்தையும் என்னையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தாள். நான்தான் டிரைவ் பண்ணினேன். அவள் வீட்டு அடுப்படி ஜன்னலில் அந்தப் பாட்டில் நின்றது. குளிரில் நெய் உறைந்து, சாய்த்தாலும் வரமாட்டேன் என்கிறதாம். வேண்டும்போது வெயிலில் வைத்து, இளகின மட்டும் எடுத்துக்கொள்கிறாளாம். கழுத்தில் இன்னும் லேசான குங்குமச் சிவப்பு. லொரெய்ன் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். கண்மணி புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தாள். வெயில் ஜன்னலின் அடுத்த மூலைக்கு நகர்ந்துவிட்டிருந்தது. வெங்கடாசலம் நாற்காலியில் நெளிந்தார். பிறகு எழுந்து போய், யாரையும் பார்க்காமல், பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்து வெயிலுக்குள் நகர்த்தி வைத்தார்.