நர்ஸ் வீட்டுக் கொடியில் காய்ந்த முகங்கள்

நர்ஸ் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளை உடுப்பில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தபால்காரரின் முகம் வந்திருந்தது. முதுகுப் பக்கம், இடது தோளுக்குச் சற்றுக் கீழே, இளவயது மீசையோடு. மறுநாள் தலையணை உறையில் ஒரு மணமக்கள் ஜோடி. வாரம் முடிவதற்குள் குழந்தையின் துண்டுத்துணிகள் வரை ஆட்கள் வந்துவிட்டார்கள். தேய்த்துத் துவைத்தும் போகவில்லை. இஸ்திரி போட்டால் இன்னும் தெளிவாகத் தெரிந்தார்கள். தபால்காரர் வந்து பார்த்து, அந்த மீசையை எடுத்து இருபது வருடம் ஆகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். நர்ஸ் அந்த உடுப்போடுதான் வேலைக்குப் போனாள். நோயாளிகள் யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

இதோடு நின்றிருந்தால் ஒருவரும் நர்ஸ் வீட்டுக் கிணற்றைச் சந்தேகித்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தத் தண்ணீரில் பால்பவுடர் கரைத்துக் குடித்த அவளுடைய எட்டு மாதக் குழந்தைக்கு வாந்தி நிற்கவில்லை, நகங்கள் சாம்பல் நிறமாயின. வயிற்றில் என்ன போயிருக்கிறது என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது என்றார் டாக்டர். சுகாதார ஆய்வாளர் அம்மா ஒரு பெட்டி நிறையக் கண்ணாடிக் குப்பிகளோடு வந்து இறங்கினார்.

கிணற்றைச் சுற்றி நான்கு வீடுகள், நான்கு செப்டிக் டேங்க்குகள். மூன்றைத் திறந்தபோது நாற வேண்டிய விதத்தில் நாறின. நான்காவது, போட்டோ ஸ்டூடியோக்காரர் வீட்டுடையது, நாறவே இல்லை. உள்ளே விழுந்த காகிதங்கள் எழுத்துகூட அழியாமல் மிதந்தன. ஆய்வாளர் மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஐயா, இதுல ஒரு கிருமிகூட உயிரோட இல்ல."

"எங்க வீட்ல கிருமிக்கு என்னைக்குமே இடம் கிடையாதும்மா," என்றார் ஸ்டூடியோக்காரர், கழுத்துப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு.

"அதான் பிரச்சினையே. கிருமி இருந்தாத்தான் கழிவு மக்கும். இதுல என்ன ஊத்துனீங்க?"

"மரியாதையான வீட்ல கக்கூஸ்ல என்ன ஊத்துறாங்கன்னு யாரும் விசாரிக்கிறதில்ல."

ஊற்றியது உண்மை, அதற்குக் காரணமும் உண்டு. கண் மூடிய படம், வாய் கோணிய படம், வாடிக்கையாளர் வேண்டாமென்று விட்டுப்போன படம், இவற்றை மற்ற ஸ்டூடியோக்களில் குப்பையில் போடுவார்கள். இந்த வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. நம்பி வந்து உட்கார்ந்தவர்களின் முகம் தெருவில் மிதிபடக் கூடாது என்று ஸ்டூடியோக்காரரின் அப்பா விதித்திருந்தார். இருட்டறையில் தொட்டி நிறைய ரசாயனம் கலந்து, படத்தையும் நெகட்டிவையும் முகம் கரைந்து இறங்கும்வரை ஊறப்போட்டு, அந்த நீரைக் கதவைச் சாத்திக்கொண்டு கக்கூஸில் விடுவார்கள். இரண்டு தலைமுறையாக ஒரு நாளும் தவறியதில்லை. அது மட்டும் மரியாதையா என்று கேட்பவர்கள், தங்கள் முகத்தை வேறு எங்கேயாவது கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஆய்வாளர் அந்தக் கக்கூஸில் பச்சைச் சாயம் ஊற்றினார். கிணறு பச்சையானால் கசிவு இங்கிருந்துதான். ஐந்து நாள் காத்திருந்தும் பச்சை வரவில்லை. சாயமும் டேங்க்கிலேயே வெளுத்துப்போயிருந்தது. துணிகளில் வந்த முகங்கள் எல்லாம் ஸ்டூடியோவின் வாடிக்கையாளர்கள்தானே என்று கேட்டதற்கு, ஊரில் யார்தான் தன் வாடிக்கையாளர் இல்லை, அவர்கள் படம் அவரவர் வீட்டிலும் இருக்கிறது, எந்த வீட்டிலிருந்து வேண்டுமானாலும் கசிந்திருக்கலாம் என்றார் ஸ்டூடியோக்காரர். சொன்னதில் பொய் இல்லை.

நர்ஸ் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "பெரியப்பா, உங்க மேல கேஸ் போட வரல. இருட்டறையில என்னென்ன மருந்து கலக்குறீங்கன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க போதும். புள்ள தண்ணிகூட முழுங்க மாட்டேங்குது."

"எழுதிக் குடுத்தா எங்க வீட்டு அழுக்கு உங்க வீட்டுக் கிணத்துல விழுந்துச்சுன்னு ஆயிடும்மா. எங்க குடும்பத்துல அப்படி ஒரு பேச்சு வந்ததில்ல," என்றார். சொல்லும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் மதியம் நர்ஸின் மாமியார் கொடியிலிருந்து குழந்தையின் விரிப்பை எடுத்து உதறினாள். அதில் இரட்டைப் பின்னலோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். தெருவில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஆய்வாளர் அதை ஸ்டூடியோக்காரரிடம் கொண்டுபோய் விரித்தார்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விவகாரம் அங்கேயே முடிந்திருக்கும். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த மனைவிகூடக் கல்யாணமாகி வந்தபின் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

"இது என் தங்கச்சி," என்றார். "இருபத்திரண்டு வயசுல, அவளுக்குப் புடிச்ச ஆளோட பஸ் ஏறிப் போனவ. அன்னைக்கே அவ படம் அத்தனையும் நான் கரைச்சேன். வேற எந்த வீட்லயும் ஒண்ணுகூடக் கெடையாது. கசிவு எங்க வீடுதாம்மா."

"எழுதித் தர்றீங்களா?"

"பேப்பர் குடு."

நிமிர்ந்து உட்கார்ந்து, ஏழு ரசாயனங்களின் பெயர்களை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாயங்காலமே டாக்டர் சரியான மருந்தைத் தொடங்கினார். ஒன்பதாம் நாள் குழந்தை பருப்பு கேட்டு அழுதது.

டேங்க்கை உறிஞ்சி எடுத்து, சுற்றிலும் ஆளுயரத்துக்கு மண்ணை வெட்டி லாரியில் அனுப்பினார்கள். கிணறு மூன்று வருடம் மூடியிருந்தது. பிறகு தண்ணீர் நன்றாக இருப்பதாக ஆய்வாளர் கடிதம் கொடுத்தார். ஊர்க்காரர்கள் அவரவர் முகம் வந்த துணியை நர்ஸிடம் வாங்கிப் போனார்கள். சிலர் அதைத் தைத்துப் போட்டுக்கொண்டார்கள்.

ஸ்டூடியோக்காரர் அந்த விரிப்பைக் கேட்டு வாங்கி, தன் கையாலேயே சட்டம் அடித்து, கூடத்தில் அப்பா அம்மா படங்களுக்கு நடுவே மாட்டினார். விருந்தினர் யாரென்று கேட்டால், வீட்டுப் பெண் என்று சொல்வது வழக்கமாயிற்று. மூன்றாம் வருடம் விரிப்பில் அவள் காதோரம் நரை வந்தது. ஆறாம் வருடம் பின்னலை எடுத்துவிட்டுக் கொண்டை போட்டுக்கொண்டாள். கன்னம் கொஞ்சம் ஒடுங்கியபோது, சரியாகச் சாப்பிடுகிறாளோ இல்லையோ என்று அவளுடைய அண்ணி கவலைப்பட்டாள். போன வருடம் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டிருக்கிறாள். அது அவளுக்கு நன்றாகவே பொருந்தியிருக்கிறது என்பதுதான் வீட்டில் எல்லோருடைய அபிப்பிராயமும்.