மேமியோவுக்குத் தெரிந்த வடக்கு

யாங்கோன் நகரின் லான்மடாவ் பகுதியில், பதினாறாம் தெருவின் தென்முனையில், ஸ்ட்ராண்ட் ரோட்டைத் தாண்டியதும் ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மலை இருப்பதை முதலில் பார்த்தவர் கம்பளிக்கடை ஃபக்ருன்னிசா. அது ஒரு திங்கட்கிழமை. அந்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு அவருடைய ஒரே மகள் சமீனாவுக்கு நிக்காஹ். அதனால் மலையைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, இதைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான்.

அது பெட்ரோல் கிடைக்காத மாதம். பாத்தீன் ஊருக்குப் போகிற கம்பளிக் கட்டுகளைப் படகுத்துறைக்கு அனுப்ப வண்டி கிடைக்காததால், பின்சந்தில் குதிரை வைத்திருந்த உதயசூரியனைக் கூப்பிட்டிருந்தார். உதயன் ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் ஆலையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவன். ஆலை மூடிய அதே வாரத்தில் மேமியோ என்ற மலையூரில் குதிரைவண்டி ஓட்டிய அவனுடைய மாமா, சுற்றுலாக்காரர்கள் வருவது நின்றுபோனதால் வண்டியை ஓர் உணவகத்துக்கு அலங்காரத்துக்காகக் கொடுத்துவிட்டு, மூன்று மட்டக்குதிரைகளையும் காலிஃப்ளவர் லாரியில் ஏற்றி மருமகனுக்கு அனுப்பிவிட்டார். குதிரைவண்டி நகருக்குள் வரக்கூடாது என்று சட்டம் இருந்தது. வண்டி இல்லாமல் குதிரை மட்டும் வருவதைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்று வார்டு அலுவலகம் சொல்லிவிட்டது. மூன்றில் மூத்தது ஒரு பெட்டைக் குதிரை. அதற்கு ஊரின் பெயரையே வைத்து மேமியோ என்றார்கள். மற்ற இரண்டும் அதன் வாலைப் பார்த்து நடப்பவை. கடிவாளத்தை இழுத்தால் மேமியோ நிற்கும், அவ்வளவுதான். நடக்க வேண்டுமென்றால் எந்தப் பக்கம் என்று வாயால் சொல்ல வேண்டும். மாமா அப்படிப் பழக்கியிருந்தார்.

பர்மிய மொழியில் தெற்குக்கும் மலைக்கும் ஒரே சொல்தான், தவுங். யாங்கோனில் இதனால் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. டாக்ஸிக்காரனிடம் தவுங் பக்கம் போ என்றால் ஆற்றங்கரைக்குப் போவான். ஆனால் மேமியோ பிறந்த ஊரில் எங்கே திரும்பினாலும் மலை. தெற்கு என்ற ஒன்றை அது கேள்விப்பட்டதே இல்லை. உதயனோ தமிழ் பேசுவான், ஆனால் திசை சொல்வதற்குப் பர்மிய மொழிதான் அவனுக்கு வாயில் வரும். ஆகவே கட்டுகளை இரண்டு பக்கமும் எடை சரிபார்த்துக் கட்டி, முழங்கால் வலிக்காரரான ஃபக்ருன்னிசாவை நடுக்குதிரையில் ஏற்றி, தான் மேமியோ மேல் உட்கார்ந்து, தவுங் பக்கம் என்றான். மேமியோ தனக்குத் தெரிந்த இடத்துக்குப் போனது.

தெருமுனையில் தமிழரசியின் வடைக்கடை இருந்தது. தினமும் காலையில் அந்த வழியாகப் போகும்போது மேமியோ கழுத்தை நீட்டித் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துக்கொள்ளும். அன்றும் எடுத்தது.

“குதிரைக்கு வட போடுற ஊரு உலகத்துலயே இது ஒண்ணுதான்” என்றாள் தமிழரசி.

“உன் கைமணத்துக்கு வருது தமிழு” என்றான் உதயன்.

“நான் குதிரைகிட்ட பேசுனேன். ஒன்னைக் கேக்கல.”

ஆனாலும் வழியில் சாச்சி பசியோடு இருக்கக்கூடாது என்று ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். தெரு முழுக்க ஃபக்ருன்னிசாவைச் சாச்சி என்றுதான் கூப்பிட்டது. ஸ்ட்ராண்ட் ரோட்டில் சிக்னல் விழும்வரை குதிரைகள் நின்றன. எதிர்ப்பக்கம் போனதும் டீசல் வாசனை போய்ப் பைன் மர வாசனை வந்தது. துறைமுகக் கிரேன்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளை விட்டன. பிறகு பாதை கல்லாகி மேலே ஏறியது. சைக்கா ரிக்ஷா மிதிக்கிற ஒருவன் அவர்கள் மேகத்துக்குள் போவதைப் பார்த்துவிட்டு, கம்பளிக்கடையில் உட்கார்ந்திருந்த இனாயத்துல்லாவிடம் வந்து, உங்கள் சம்சாரம் ஏறிக்கொண்டிருக்கிறார் என்று சொன்னான். இனாயத்துல்லா அமைதியான மனிதர். எதில் என்று கேட்டார். மலையில் என்று பதில் வந்தது. முழங்காலுக்கு அது ஆகாதே என்று மட்டும் சொன்னார்.

மலையில் ஆளே இல்லை. காட்டு ரோஜாவைவிடப் பெரிய சிவப்புப் பூக்கள் மரங்களிலேயே பூத்திருந்தன. ஓடைகளைத் தாண்டுமுன் உதயன் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டினான். சரிவுகளில் இறங்கி நடந்தான், நழுவிய கட்டுகளை இழுத்து முடிந்தான். இதெல்லாம் மாமா போனில் சொல்லிக் கொடுத்தவை. வழி மட்டும் அவனுக்குத் தெரியாது. யாபாதே சாச்சி, யாபாதே, ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தான். பொழுது சாய்ந்தபோது குளிர் வந்தது. ஃபக்ருன்னிசா நாற்பது வருஷமாகக் கம்பளி விற்றவர். யாங்கோனை விட்டு எங்கும் போகாததால் ஒரு நாளும் குளிரை அறியாதவர். போர்த்தினால் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லும்போதெல்லாம் அவருக்கு உள்ளுக்குள் ஒரு சங்கடம் இருந்தது. இப்போது பாத்தீனுக்குப் போக வேண்டிய கட்டைப் பிரித்து ஒன்றைப் போர்த்தினார். இரண்டு முனைகளையும் கழுத்துவரை இழுத்து இறுக்கிக்கொண்டார்.

“டேய் உதயா,” என்றார் கடைசியில், “நான் சொன்னது பொய்யில்லடா.”

மறுநாள் எல்லா ரகத்தையும் ஒவ்வொன்றாகப் போர்த்திப் பார்த்து, பச்சைக் கோடு போட்டது உடம்பில் குத்துகிறது, இனி வாங்கக்கூடாது என்று முடிவு செய்தார். அதன் பிறகுதான் நிக்காஹ் ஞாபகம் வந்து, சரி திரும்பு என்றார்.

லான்மடாவ் வடக்கே இருந்தது. பர்மிய மொழியில் வடக்குக்கு மியவுக் என்று பெயர். காதில் விழுகிறபடி குரங்குக்கும் அதுதான் பெயர். உதயன் மியவுக் பக்கம் என்றான். மேமியோ உற்சாகமாக நடந்து அவர்களை ஒரு பள்ளத்தாக்கில் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே பாறைக்குப் பாறை குரங்குகள் உட்கார்ந்திருந்தன. தப்பு வழி என்று மறுபடி மேலே ஏறி, மறுபடி சொன்னார்கள். வேறு பாதையில் போய் அதே பள்ளத்தாக்கில் இறங்கியது. அடுத்த முறை குரங்குகள் நகர்ந்து இடம் கொடுத்தன. அதற்கும் அடுத்த முறை ஒரு கிழட்டுக் குரங்கு காட்டுப் பிளம்பழங்களைக் கொண்டுவந்து ஃபக்ருன்னிசாவின் மடியில் வைத்தது. வியாழக்கிழமை ஆகிவிட்டது. அவர் பழத்தைத் தின்றுகொண்டே அழுதார். பெற்ற ஒரே பெண், அதன் கல்யாணத்துக்கு நான் இல்லையென்றால் சம்பந்தி வீட்டார் காலமெல்லாம் சொல்லிக் காட்டுவார்களே என்றார்.

அங்கே லான்மடாவில் நிலைமை அதைவிட மோசமாக இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து மண்டபத்தில் பிரியாணிச் சட்டி இறங்கியாகிவிட்டது. மாப்பிள்ளை அஸ்கர் மாலையோடு உட்கார்ந்திருந்தான். சம்மதம் கேட்க வந்தவர்களிடம் சமீனா, உம்மா வராமல் நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையின் மாமி, பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற அன்றைக்கு எந்தத் தாயாவது மலையேறப் போவாளா என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். ஆலிம்சா, அசர் தொழுகைவரை பார்ப்போம், அதற்கு மேல் வேறு நாள் குறிக்க வேண்டியதுதான் என்றார். வேறு நாள் என்றால் வேறு பெண் என்றார் மாமி. இனாயத்துல்லா வாசலில் நாற்காலி போட்டுத் தெற்குப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

அதே நேரத்தில் மலைமேல் ஃபக்ருன்னிசா தொழுதுவிட்டு எழுந்தார். கிப்லா மேற்கே இருப்பதால் அவருக்குத் திசையில் சந்தேகம் இல்லை. வலது கைப்பக்கம் வீடு இருக்கிறது. குதிரைக்குத்தான் சொல்லத் தெரியவில்லை. இந்த மிருகத்துக்குப் பர்மிய மொழியில் எதைச் சொன்னாலும் இன்னொன்று ஆகிறது, தமிழில் சொல்லிப் பார் என்றார். உதயனுக்கு அந்தச் சொல் தெரியாது. கோயிலில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போனவன்தான், ஆனால் திசைகள் பாடம் வருவதற்கு முன்பே வாத்தியார் மலேசியாவுக்குப் போய்விட்டார்.

“வடக்கு. சொல்லு.”

“வடைக்கு.”

“வடைக்கு இல்லடா, வடக்கு! நாக்கை மடிச்சு சொல்லு.”

“அதான் சாச்சி சொல்றேன். வடைக்கு!”

மேமியோவின் இரண்டு காதும் நிமிர்ந்தன. குரங்குகள் விலகின. அது ஓடவில்லை, ஆனால் ஒரு முறைகூட நிற்கவில்லை. ஓடைகளைத் தாண்டி, பூக்களைத் தாண்டி, பைன் மரங்கள் கிரேன்களாகும் இடத்தைத் தாண்டி, ஸ்ட்ராண்ட் ரோட்டில் சிக்னலைக்கூட மதிக்காமல் நேராக மண்டபத்து வாசலுக்கு வந்து நின்றது. கம்பளி போர்த்தி, மடியில் பிளம்பழத்தோடு, முழங்கால் வலி ஏதும் இல்லாமல் ஃபக்ருன்னிசா இறங்கினார். எங்கே போனாய் என்று இனாயத்துல்லா கேட்கவில்லை. குளிருதா என்று கேட்டார். நல்ல குளிர் என்றார் அவர். உள்ளே சமீனா ம் என்றாள். அதைச் சம்மதம் என்று ஆலிம்சா எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் மாமிக்கு ஒரு பிளம்பழம் கொடுக்கப்பட்டது. அவர் இன்னொன்று கேட்டார்.

பதினாறாம் தெருவுக்குப் போகாமல் மண்டபத்துக்கே எப்படிச் சரியாக வந்தது என்று எல்லோரும் குதிரையின் அறிவை மெச்சினார்கள். கல்யாண வீட்டுத் தேநீருக்கு வடை சுடுவதற்காகத் தமிழரசி அன்று அடுப்பை மண்டபத்துக் கொல்லையில் போட்டிருந்தாள் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. குதிரைக்கு ஒன்று கொடுத்தாள். உதயனைப் பார்த்து, ஆள் கறுத்துப்போயிட்ட என்றாள். அவனுக்கும் ஒன்று கொடுத்தாள்.

அதற்குப் பிறகு உதயன் வழிகாட்டியாகிவிட்டான். மலைக்குப் போக விரும்புகிறவர்கள் லான்மடாவில் நிறைய இருந்தார்கள். யாரும் வெளிநாட்டுக்காரர்கள் இல்லை. தையல்காரர்கள், நகைக்கடைப் பெண்கள், ஓய்வுபெற்ற ரயில்வே பாயின்ட்ஸ்மேன் ஒருவர், தேனிலவுக்குப் பதிலாக அஸ்கரும் சமீனாவும். கம்பளி வாடகைக்குக் கிடைத்தது. குரங்குகளுக்குப் பழத்துக்குப் பதிலாக பிஸ்கட் கொண்டுபோனார்கள். நடந்தே ஸ்ட்ராண்ட் ரோட்டைத் தாண்டியவர்களுக்கு எப்போதும்போல ஆறுதான் இருந்தது, படகுகளும் போய்க்கொண்டிருந்தன. ஒரு முறை தமிழரசி அக்காவின் பிரசவத்துக்காக மிங்கலாடோனில் ஒரு மாதம் தங்கி அங்கேயே வடை சுட்டபோது, மலையிலிருந்து இறங்கியவர்கள் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தார்கள். மிங்கலாடோன் உண்மையிலேயே வடக்கில் இருப்பதால், குதிரைக்கு இப்போதுதான் திசை சரியாகப் பிடிபட்டிருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்கள். அடுத்த வருஷம் அவள் திருவிழாவுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவுக்குப் போய் அடுப்பு மூட்டினாள். அப்போது கூட்டம் முழுவதும் டாலாவில் இறங்கியது. டாலா தெற்கே இருக்கிறது. கையில் கரண்டியோடு தமிழரசி குதிரையையும் அதன்மேல் இருந்தவனையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“நீ வடக்குன்னு சொன்னா இது என்கிட்ட வருது. நான் என்னா, வடக்கா?”

உதயன் யோசித்துவிட்டு, ஹுத்தே, ஆமாம் என்றான்.

இது தெரிந்தபோது ஒரு சிக்கலும் தெரிந்தது. பினாங்கில் உணவகம் வைத்திருந்த தமிழரசியின் அண்ணன் அவளை அங்கே வரச்சொல்லி எழுதியிருந்தார். டிக்கெட்டும் போட்டாயிற்று. உதயன் மூன்று குதிரைகளையும் கூட்டிக்கொண்டு கடைக்கு முன்னால் வந்து நின்றான்.

“நீ போயிட்டா நாங்க எல்லாரும் பாஸ்போர்ட் இல்லாம பினாங்குல வந்து எறங்குவோம் தமிழு. ரயில்வே பெருசு வேற கூட வருவாரு. போலீஸ் புடிக்கும்.”

“இதுதான் ஒரு பொண்ணக் கேக்குற மொறையா?”

“எனக்கு வேற மொறை தெரியாது.”

“அப்ப குதிரையக் கேக்கச் சொல்லு” என்றாள். மேமியோ கழுத்தை நீட்டியது. அவள் தட்டை நகர்த்தவில்லை. டிக்கெட்டில் அவளுடைய தங்கை போனாள். கல்யாணத்துக்குச் சாச்சி மிக நல்ல கம்பளி ஒன்று கொடுத்தார். பச்சைக் கோடு போட்டதல்ல.

கல்யாணமான பிறகு தமிழரசி, இவ்வளவு பேரைக் கீழே கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன், மலையை நான் பார்த்ததில்லையே என்றாள். உதயனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு மழைக்காலம் முடிந்ததும் சிறிய அடுப்பையும் மாவுச் சட்டியையும் எண்ணெயையும் மூன்றாவது குதிரையில் ஏற்றி, அவளையும் கூட்டிக்கொண்டு போனான். சாச்சியும் கூடப் போனார். குளிர் காலத்தில் அவருக்கு வருஷத்துக்கு ஒரு முறையாவது போகாவிட்டால் தூக்கம் வராது. பூக்களைப் பார்த்தார்கள். குரங்குகள் வடை தின்றன. கிளம்ப வேண்டிய நாளில் உதயன் மேமியோ மேல் ஏறி, வடைக்கு என்றான். மேமியோ திரும்பித் தமிழரசியைப் பார்த்தது. பிறகு அசையாமல் நின்றது. சத்தமாகச் சொன்னான், தடவிக் கொடுத்துச் சொன்னான். அது கண்ணை மூடிக்கொண்டது. வந்து சேர்ந்தாயிற்று என்பது அதன் எண்ணம்.

சாச்சி சிரித்துச் சிரித்து ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். உதயனுக்குத்தான் முகம் வெளிறியது. கடைவீதியில் அடுத்த வாரத்துக்கு ஆள் சேர்த்திருந்தான், மாவும் தீர்ந்துகொண்டிருந்தது. தமிழரசி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அடுப்பை அணைத்து, மீதி மாவுச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கரண்டியைக் கையில் எடுத்துத் தனக்குத் தோன்றிய பக்கமாக நடந்தாள். வழி தெரியுமா என்று உதயன் கத்தினான். தெரியாது, வா என்றாள். மேமியோ அவள் பின்னால் போனது, மற்ற இரண்டும் அதன் வாலைப் பார்த்துப் போயின. அவள் எந்தப் பக்கம் நடந்தாலும் அதுதான் வடக்கு என்பதால் வழி தவறவில்லை. பைன் மரங்கள் கிரேன்களாயின. ஸ்ட்ராண்ட் ரோட்டில் சிக்னலுக்கு நின்று, தாண்டி, பதினாறாம் தெரு முனைக்கு வந்து, சட்டியை இறக்கி வைத்து அடுப்பை மூட்டினாள். சாயங்கால வடை அன்று கொஞ்சம் தாமதமாகிவிட்டது. காத்திருந்தவர்கள் அதைப் பற்றி மட்டும் குறைபட்டுக்கொண்டார்கள்.