இடது கன்னத்துப் புள்ளி

எங்கள் கடையில் பெண்கள் தூங்குவார்கள், தலை உலர்த்துவார்கள், தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு யாரையோ பார்த்துச் சிரிப்பார்கள். எல்லாரும் சுவரில் இருப்பவர்கள். பழைய வாரப் பத்திரிகைகளில் வந்த விளம்பரங்களை ஸ்கேன் செய்து, கறை நீக்கி, பெரிய தாளில் அச்சடித்து, ஃபிரேம் போட்டு விற்பதுதான் எங்கள் பிழைப்பு. மதியத்தில் தெரு அடங்கியதும், எதிர்க் கட்டடத்துக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெயில் ஒவ்வொரு முகமாகத் தொட்டுக்கொண்டு போகும். நானும் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போய்விடுவேன். மின்விசிறி விளம்பரத்துக்காரிதான் எனக்கு நெருக்கம். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருப்பாள். ஒரு கை தரையைப் பார்த்துத் தொங்கும். அந்த அறையில் திரைச்சீலை மட்டும் விழித்திருக்கும். அவள் என்ன கனவு காண்கிறாள் என்று யோசிப்பதற்குள் எனக்குக் கண் சொருகிவிடும். கடையில் அதிகம் விற்பதும் அவள்தான்.

கறை நீக்குவது என் வீட்டுக்காரர் வேலை. சாப்பிட்ட மேசையை நான் துடைத்த பிறகு இன்னொரு முறை துடைக்கிற மனுஷன் அவர். ஸ்கேன் செய்த படத்தைக் கணினியில் பலமடங்கு பெரிதாக்கி, பழுப்புப் புள்ளி, மடிப்புக் கோடு, பூச்சி அரித்த இடம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழிப்பார். அந்த நேரத்தில் வீடு பற்றி எரிகிறது என்று சொன்னாலும் "இதோ, ஒரு நிமிஷம்" என்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கட்டிக்கொண்டவள் நான்.

கடை ஆரம்பித்தபோதே வக்கீலான என் கொழுந்தன் எங்களை உட்காரவைத்துப் பாடம் எடுத்தான். பத்திரிகையை விலை கொடுத்து வாங்கிவிட்டால் காகிதம்தான் நம்முடையது, படம் நம்முடையது ஆகாது. சம்பளத்துக்கு வரைந்தது கம்பெனிக்குச் சேரும். வெளியாள் வரைந்து, உரிமையை எழுதிக் கொடுக்காமல் இருந்தால் அது அவருக்கு. அவர் போன பிறகும் பல வருஷத்துக்கு அவர் வாரிசுக்கு. வரைந்தது யாரென்றே தெரியாவிட்டால் மட்டும், படம் வெளிவந்த நாளிலிருந்து கணக்கு. எங்கள் படங்களுக்கு அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது.

"கையெழுத்து இருக்கறதத் தொடாதீங்க அண்ணி. இல்லாதது ஊருக்குப் பொது" என்றான்.

என் வீட்டுக்காரர் அதையே வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு படத்தின் நாலு மூலையையும் துழாவுவார். ஒரு சின்னக் கிறுக்கல் தெரிந்தாலும் அந்தப் படம் ஒதுக்கப்பட்டுவிடும். அப்படி நல்ல படங்கள் பல போயிருக்கின்றன, எனக்கு வயிறு எரியும்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அக்கா எங்கள் கடைக்கு வர ஆரம்பித்தது மழைக்காலத்தில். பிள்ளைகளை அழைக்கப் போவதற்கு முன் வேனை எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு, சாவியை விரலில் மாட்டியபடியே உள்ளே வருவார். வாங்க மாட்டார். ஒவ்வொரு படத்துக்கும் மூக்கு முட்டுகிற அளவுக்கு நெருங்கி, அந்தப் பெண்ணின் இடது கன்னத்தையே பார்ப்பார். அப்புறம் அடுத்தவள். இந்த அக்கா பார்த்துப் பார்த்தே படத்தைத் தேய்த்துவிடுவார் போலிருக்கிறதே என்று எனக்கு எரிச்சல் வந்தது.

"யாரத் தேடுறீங்கக்கா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"எங்கம்மாவ."

மழைச் சத்தத்தில் சரியாகத்தான் கேட்டேனா என்று இருந்தது. அவர் சாதாரணமாகச் சொன்னார். "அப்பா வீட்டுலேர்ந்தே கம்பெனிங்களுக்குப் படம் போட்டுக் குடுப்பார்மா. நான் தவழும்போதே அம்மா போயிட்டாங்க. போட்டோ ஒண்ணும் இல்ல. அப்பா அம்மாவப் பத்திப் பேசவே மாட்டார். போன வருஷம் ஆஸ்பத்திரியில கிடக்கறப்பதான் வாயத் தொறந்தார். விளம்பரத்துல பேர் போட விட மாட்டாங்களாம். அதனால அவர் போட்ட பொம்பளைங்க எல்லாருக்கும் இடது கன்னத்துல அம்மாவோட மச்சத்த வச்சாராம். போய்ப் பாருன்னார். அதுக்கு மேல பேசல, போயிட்டார்." சுவரை ஒரு சுற்றுப் பார்த்தார். "இங்க ஒருத்திக்கும் மச்சம் இல்ல. மருந்து மயக்கத்துல ஏதோ சொல்லியிருப்பார்."

திரும்பிப் பார்த்தேன். உள்ளறை வாசலில் என் வீட்டுக்காரர், பேயறைந்த மாதிரி நின்றுகொண்டிருந்தார். கண்ணாலேயே என்னை உள்ளே கூப்பிட்டார்.

"மச்சம் இருந்துச்சு, எல்லாருக்கும். பழைய தாள்ல வர்ற புள்ளின்னு நெனச்சு அழிச்சுட்டேன்" என்றார் மெதுவாக.

"எல்லாருக்கும் ஒரே கன்னத்துலயா? ஒரு தடவையாச்சும் தோணலையா உங்களுக்கு?"

"அவ்வளவு பெரிசு பண்ணிப் பாக்கும்போது கன்னமே தெரியாதுடி. வெளுப்பா ஒரு எடம், அதுல ஒரு புள்ளி. அவ்வளவுதான் தெரியும்." கணினியைக் காட்டினார். "அழிக்காத ஸ்கேன் எல்லாம் பத்திரமா இருக்கு. ஆனா அதக் காட்டினோம்னா வரைஞ்சவர் யாருன்னு தெரிஞ்சுபோச்சு. போன வருஷம் போனவர். அப்புறம் சுவத்துல இருக்கறது பூரா அவங்களோடது. வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா நாம ஷட்டர இறக்க வேண்டியதுதான்."

"அம்மாவத் தேடி வந்து நிக்கறாங்க. நீங்க உள்ள உக்காந்து சட்டம் பேசுறீங்க."

பயம் எனக்கும் இல்லாமல் இல்லை. விசிறிக்காரியை நினைத்தேன், வாடகையை நினைத்தேன். ஆனால் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு, "அக்கா, இங்க வாங்க" என்று குரல் கொடுத்தார். அந்த நேரத்தில் அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கழுவாத முகங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. ஈரம் பட்டு ஊதாவாகிப்போன வானம், குறுக்கே ஓடும் மடிப்பு, பின்பக்கத்து எழுத்து நிழலாடும் நெற்றி. எல்லாவற்றுக்கும் நடுவில், இடது கன்னத்தில், அந்தப் புள்ளி. சோப்புக்காரிக்கு இருந்தது. தேநீர்க்காரிக்கு இருந்தது. தூங்குகிறவளுக்கும் இருந்தது. இத்தனை நாள் அவளோடு கூடவே தூங்கியவள், அவள் கன்னத்தைப் பார்த்ததே இல்லை நான்.

அந்த அக்கா அழவில்லை. "மூஞ்சி எல்லாம் வேற வேறயா இருக்கே" என்றார்.

ஆமாம். ஒருத்திக்கு நீள மூக்கு, ஒருத்திக்கு உருண்டை முகம், ஒருத்திக்குக் கண் மட்டுமே முகம். கம்பெனிகள் கேட்ட முகங்களை வரைந்துவிட்டு, மச்சத்தை மட்டும் தன் விருப்பத்துக்கு வைத்திருக்கிறார் மனிதர். அத்தனை பேர் அந்த மச்சத்தை வைத்திருந்தார்கள், அம்மா யாரென்று ஒருத்தியும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் அக்கா பக்கம் திரும்பினார். "சட்டப்படி இதெல்லாம் உங்களுதுக்கா. விக்கறதா இருந்தா உங்க சம்மதம் வேணும். நிறுத்தச் சொன்னா இப்பவே நிறுத்திடறோம்."

அக்கா காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. "திரும்ப மொதல்லேர்ந்து காட்டுங்க தம்பி" என்றார்.

விசிறிக்காரி வந்தபோது, இவளைக் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அக்கா அவளைக் கடந்து போனார். கடைசியில் ஒரு தலைவலி மாத்திரை விளம்பரம். ஒரு பிரதிகூட விற்காத படம் அது. சாப்பாட்டு மேசையில் முழங்கையை ஊன்றி, நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். தலை சரியாக வாரவில்லை. யாரோ கூப்பிட்டு நிமிர்ந்த மாதிரி, அரைக் கண்ணால் நம்மைப் பார்க்கிறாள்.

"இவங்க" என்றார் அக்கா.

"எப்படிக்கா தெரியும்?"

"தெரியாதும்மா. மத்தவங்க எல்லாம் யார் பாத்தாலும் சிரிக்கறாங்க. இவங்க வீட்டு ஆளப் பாக்கற மாதிரி பாக்கறாங்க." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே என் வீட்டுக்காரரிடம் சொன்னார். "மத்ததெல்லாம் வித்துக்கங்க தம்பி. மச்சத்தோட வித்துக்கங்க. இது ஒண்ண மட்டும் யாருக்கும் குடுக்காதீங்க."

வெளியே மழை விட்டிருந்தது. அக்கா வேனை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைக்கப் போக வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்த ஒரே உபசாரத்தைச் செய்தார்.

"மச்சத்த விட்டுட்டு, மத்த கறையெல்லாம் எடுத்து நல்லா அச்சடிச்சுத் தரட்டுமாக்கா?"

அக்கா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே ஒரு பழுப்பு நிழல் இருந்தது, உதட்டோரம் ஒரு கோடு, கழுத்தில் இரண்டு புள்ளிகள்.

"வேணாம் தம்பி, அப்படியே குடுங்க. இதுல எது அழுக்கு, எது அம்மான்னு எனக்குத் தெரியாது."