அறுபத்தைந்து டிகிரி ஞாயிறு

எங்கள் ஏரியில் தூண்டில் போடும் ஆண்பிள்ளைகளில் பொய் சொல்லாதவனை நான் பார்த்ததில்லை. உள்ளங்கை நீள மீன் கரைக்கு வருவதற்குள் முழங்கை நீளமாகிவிடும். எங்கே பிடித்தாய் என்று கேட்டால் கிழக்கே கையைக் காட்டிவிட்டு மறுநாள் மேற்கே படகை விடுவார்கள். தொலையட்டும், அது ஊர் வழக்கம். ஆனால் தண்ணீர் எத்தனை டிகிரி என்பதில் கட்டின பெண்டாட்டியிடமே வருஷக்கணக்காகப் புளுகின ஒரு மனுஷனுக்கு இத்தனை காலம் ஆக்கிக் கொட்டியிருக்கிறேனே, அதை எங்கே போய்ச் சொல்ல!

என் பெயர் வெல்டா. அந்த மனுஷன் என் வீட்டுக்காரர் டெல்மர்.

டென்னசியில் எங்கள் பக்கத்துச் சபைகள் பலவும் கோயிலுக்குள்ளேயே தொட்டி கட்டி, அதில் வெந்நீர் விட்டு ஞானஸ்நானம் கொடுக்கின்றன. எங்கள் சபைக்கு அது பிடிக்காது. ஏரிதான், முழு முழுக்குதான். முன்னொரு காலத்தில் சில்லென்ற தண்ணீரில் முங்கி எழுந்த ஒரு பெரியவர் காய்ச்சலில் படுத்துவிட்டாராம். அதிலிருந்து தண்ணீர் ஃபாரன்ஹீட் கணக்கில் அறுபத்தைந்து டிகிரி தொடாமல் யாரையும் இறக்கக்கூடாது என்று ஒரு சட்டம். அதை அளந்து சொல்லும் பொறுப்பு யாருக்கு? தினமும் ஏரியிலேயே கிடக்கிற டெல்மருக்கு. பூனையைக் கூப்பிட்டுப் பாலுக்குக் காவல் வைத்தார்கள்.

ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் முழுக்கு எடுக்காத ஒரே ஆள் இவர்தான். கல்யாணமான புதிதில் எனக்கு வாக்குக் கொடுத்தார்: "தண்ணி அறுபத்தஞ்சு தொடட்டும் வெல்டா, அந்த ஞாயித்துக்கிழமையே முங்கிடறேன். சத்தியம்."

அதற்குப் பிறகு எங்கள் ஏரிக்கு என்ன சாபமோ, அறுபத்தைந்து வரவேயில்லை. ஏப்ரல் முழுக்க, "அம்பத்தாறுதான் இருக்கு, எலும்பு வெறைச்சுடும்" என்பார். மே பிறந்ததும் ஒரே தாவலாக, "ஐயோ, எண்பது! பாம்பெல்லாம் வெளிய வந்துடுச்சு, எவன் இறங்குவான்?" என்பார். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடக் கிடையாது. மற்றவர்களுக்குப் பாம்பைப் பற்றிக் கவலையில்லை. இறங்கி முழுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். இவர் கரையில் நின்று துண்டு எடுத்துக் கொடுப்பார்.

நானும் நம்பினேன். மனுஷன் தண்ணீர் விஷயத்தில் அவ்வளவு ஜாக்கிரதை. கொல்லைப்பக்கம் போவது போல ஏரிக்குப் போகிறவர், லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியை மாட்டாமல் படகில் கால் வைக்க மாட்டார். குளித்தால் கழுத்துவரைதான். தலையை ஈரத்துண்டால் துடைத்துக்கொள்வார். பொறுப்பான ஆள் என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன், மண்டு நான்!

போன குளிர்காலத்தில் கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பிழைத்துவிட்டார், ஆனால் எனக்குத் தூக்கம் போயிற்று. ரட்சிப்பு விசுவாசத்தில் இருக்கிறது, தண்ணீரில் இல்லை என்று எங்கள் பாஸ்டர் வெண்டல் ஆறுதல் சொன்னார். அவருக்கென்ன, வேதம் படித்தவர். எனக்குப் பயமாக இருந்தது. நான் அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்து, இந்த ஆள் வரவில்லை என்றால் அங்கே நான் யாரைத் திட்டுவது? இந்த வசந்தத்துக்குள் இவர் முங்கி எழவேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

டாக்வுட் மரங்கள் வெள்ளையாகப் பூத்தன. கிராப்பி மீன்கள் கரையோரம் ஒதுங்கும் பருவம் அதுதான். டெல்மர் விடியலில் போய் வாளி நிறையக் கொண்டு வந்தார். "எத்தனை டிகிரி?" என்றேன். "அம்பத்தாறு" என்றார், கண் கூடச் சிமிட்டவில்லை.

இவர் பிடிக்கும் கிராப்பியை இவரேதான் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து செதிலெடுத்து, துண்டு போட்டு, வெள்ளை வெளேரென்று சட்டியில் வைத்து என்னிடம் நீட்டுவார். நான் சோளமாவில் புரட்டிப் பொரிப்பதோடு சரி. நம் கையில் கவுச்சி படக்கூடாது என்று எவ்வளவு அக்கறை பார் என்று என் தங்கையிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்கோ, தூண்டில் முள் இவர் கட்டைவிரலில் ஏறிவிட்டது. கட்டுப் போட்டுவிட்டு, "உட்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்று வாளியை எடுத்தேன்.

"வேணாம் வெல்டா! அப்படியே வை! சாயங்காலம் நானே..."

"கையில ரத்தம் சொட்டுது, சாயங்காலமாம்!"

வாளி மூடியைத் திறந்தேன். ஆண் மீன்கள் தலை, தாடை, நெஞ்சு எல்லாம் தார் பூசினதுபோல் கன்னங்கரேலென்று கிடந்தன. ஒரு பெண் மீனை எடுத்து வயிற்றைத் தொட்டேன், முட்டை அப்படியே விரலில் வழிந்தது.

நானும் ஏரிக்கரையில் பிறந்தவள்தான். கிராப்பி எப்போது கறுக்கும் என்று எனக்கா தெரியாது? தண்ணீர் அறுபதைத் தாண்டினால்தான் ஆண் மீன் கரையோரச் சரளையில் பள்ளம் பறித்து, உடம்பு கறுத்து, கூட்டுக்குக் காவல் நிற்கும். அறுபத்தைந்தை ஒட்டினால்தான் பெண் மீனுக்கு முட்டை இப்படி ஒழுகும். அம்பத்தாறு டிகிரியில் இந்த மீன் ஆழத்தில் வெள்ளி நிறத்தில் சும்மா மிதந்துகொண்டிருக்கும்.

"யோவ்!" என்றேன். "இது அம்பத்தாறு டிகிரி மீனாய்யா?"

இவர் கட்டைவிரலைப் பார்த்தபடி, "வெயில்ல கறுத்திருக்கும்" என்றார்.

மீன் வெயிலில் கறுக்குமாம்! வாயில் வந்ததை எல்லாம் திட்டினேன். மீன் பிடிக்கிற ஆசையில் ஞாயிற்றுக்கிழமையை விடமாட்டேன் என்று கர்த்தருக்கே பொய்க்கணக்குக் காட்டியிருக்கிறார் என்று எனக்கு வயிறு எரிந்தது. இவர் விரல் கட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

இருக்கிறதிலேயே கறுப்பான மீனைத் தட்டில் வைத்து, துண்டால் மூடி, நேரே பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். பாஸ்டர் வெண்டலும் தூண்டில்காரர்தான். துண்டை விலக்கினதும் அவர் முகம் மலர்ந்தது.

"சிஸ்டர், எங்க பிடிச்சது?"

"அதைவிடுங்க பாஸ்டர். இது எத்தனை டிகிரி மீன்?"

வயிற்றைத் திருப்பிப் பார்த்தார். "அறுபத்தஞ்சுக்குக் கொறையாது." பிறகுதான் அவருக்கு உறைத்தது. "அப்ப பிரதர் டெல்மர்..."

"ஆமா."

மறுநாள் அவரே தெர்மாமீட்டரோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வெயில் விழும் வடகரையில் அறுபத்தாறு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் முழுக்கு என்று அறிவித்தார். டெல்மர் தலையை மட்டும் ஆட்டினார். அந்த வாரம் முழுக்க இவர் ஏரிப்பக்கமே போகவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. நன்றாக வேண்டும் என்று இருந்தேன்.

ஞாயிறு. சபையே கரையில் நின்று பாடியது. வெள்ளை அங்கியில் டெல்மர் வந்தார். ஒரு வாரம் பட்டினி கிடந்த மனுஷன் புஷ்டியாகத் தெரிந்தார். எனக்கு ஏதோ உறுத்தியது, அதற்குள் இருவரும் இடுப்பளவு தண்ணீருக்குப் போய்விட்டார்கள். "பிதா, குமாரன்..." என்று ஆரம்பித்த பாஸ்டர், "ஆ!" என்று ஒரு காலைத் தூக்கினார். கூட்டைக் காக்கும் ஏதோ ஒரு கறுத்த ஆண் மீன் அவர் கெண்டைக்காலை முட்டியிருக்கிறது. சமாளித்துக்கொண்டு டெல்மரைப் பின்பக்கமாகச் சாய்த்து அமுக்கினார்.

டெல்மர் போன வேகத்தில் மேலே வந்தார். மூக்கு நுனி கூட நனையவில்லை.

பாஸ்டர் மறுபடியும் அமுக்கினார். டெல்மர் மறுபடியும் தக்கைபோல் எழும்பினார். பாட்டு நின்றது. பாஸ்டர் அங்கியின் கழுத்தை விலக்கிப் பார்த்தார். உள்ளே ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட், எல்லாக் கொக்கியும் மாட்டினபடி.

கரையே வெடித்துச் சிரித்தது. எனக்கு வந்த கோபத்துக்கு, செருப்போடு தண்ணீரில் இறங்கினேன். "ஏன்யா, என் மானத்தை வாங்கறதுக்குன்னே..." என்று கத்திக்கொண்டே போனவள் பக்கத்தில் போனதும் நின்றுவிட்டேன். இவர் உதடு வெளுத்துக் கிடந்தது.

"மீனுக்காக இல்லடி" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "தலை தண்ணிக்குள்ள போனா செத்துடுவேன்னு தோணுது. சின்ன வயசிலேர்ந்தே. ஏரியிலயே கெடக்கறவன், வெளிய சொன்னா சிரிப்பாங்க. உங்கிட்ட சொல்லவும் வெக்கமா இருந்துச்சு."

ஈரத்துண்டு. கழுத்துவரைக் குளியல். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தும் எனக்கு இது புரியவில்லையே! அதற்காக அழுதுகொண்டா நிற்க முடியும்?

"கழட்டுங்க அதை" என்றேன்.

"வெல்டா..."

"கழட்டி எங்கிட்ட குடுங்க."

எல்லாரும் பார்க்க, ஞாயிற்றுக்கிழமைக் கவுனுக்கு மேல் அந்த ஆரஞ்சுச் சட்டையை மாட்டி, கொக்கிகளைப் போட்டுக்கொண்டேன். காலைத் தூக்கியதும் மிதந்தேன்.

"இப்ப நான் முங்க மாட்டேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு நீங்க போயிட்டு வாங்க."

என் கையைப் பற்றினார். கண்ணை இறுக மூடினார். பாஸ்டர் இந்தமுறை மெதுவாகச் சாய்த்தார். வழுக்கைத் தலை, நெற்றி, மூக்கு எல்லாம் தண்ணீருக்குள் போனது. எனக்கு விரல் எலும்பு நொறுங்கிவிடும் போல வலித்தது, நான் மூச்சுவிடவில்லை. பிறகு டெல்மர் இருமிக்கொண்டு, தண்ணீரைத் துப்பிக்கொண்டு, உயிரோடு எழுந்தார். கரையில் அல்லேலூயா என்று ஒரே ஆர்ப்பரிப்பு.

இவர் பல் தடதடவென்று அடித்துக்கொண்டது. என் காதில் என்னவோ முணுமுணுத்தார்.

"என்னங்க?"

"மேலதான்டி அறுபத்தாறு. கீழ அம்பத்தாறுதான்."

இடுப்புக்குக் கீழே எனக்கும் விறைத்துப்போயிருந்தது. "ஆமா, அம்பத்தாறேதான்" என்றேன். கரை வந்து சேரும்வரை இவர் என் கையை விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை.