ஆண்டாளின் எட்டடி வாசக்கால்

தியாகதுருகத்தில் ஆண்டாள் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டின் வாசக்காலிலிருந்து, மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, நாலடி நீள உடும்பு ஒன்று இறங்கி வந்து, வாசலில் குவித்திருந்த எம்சாண்ட் மேல் ஏறி வெயில் காய்ந்துவிட்டு, பதினொன்றரைக்குத் திரும்பவும் வாசக்காலுக்குள்ளேயே போய்விட்டது. கட்டை அஞ்சுக்கு நாலு இஞ்சு. பொந்து கிடையாது, விரிசல் கிடையாது. இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்த கட்டை. கொத்து வேலை நடந்துகொண்டிருந்த நேரம் என்பதால் சாட்சிக்குக் குறைவில்லை, ஏழு பேர் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் உடும்பு மூன்றரை அடிதான் இருக்கும் என்று இன்றுவரை சாதிக்கிறார். மற்றபடி கருத்து வேறுபாடு இல்லை.

இதைச் சொல்ல ஆண்டாளின் நெற்றியிலிருந்து தொடங்க வேண்டும். ஆண்டாள் மணலூர்பேட்டைப் பெண். வெறுங்காலில் நின்றால் அஞ்சே முக்கால் அடி. அவளைக் கட்டிக்கொடுத்த கொளஞ்சியப்பன் வீட்டு வாசலோ நாலே முக்கால் அடி. வருகிறவர்கள் குனிந்து வரட்டும் என்று முன்னோர்கள் வேண்டுமென்றே அப்படி வைத்தார்களாம். அந்தக் குடும்பத்தில் யாரும் பெரிதாக வளர்வதில்லை. ஆண்கள் லேசாகத் தலையைச் சாய்ப்பார்கள், அவ்வளவுதான். கல்யாணத்தன்று ஆண்டாள் வலது காலை எடுத்து வைத்தபோது முதல் முட்டு. அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம், குடத்தோடும் கூடையோடும் இடுப்பில் பிள்ளையோடும் முட்டினாள். பொட்டு வைக்கும் இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே காய்த்தே போய்விட்டது. மூத்தார் பெண்டாட்டி செந்தமிழ்ச்செல்வி நாலரை அடி. நிமிர்ந்தபடியே போய் வருவாள். ஒவ்வொரு முட்டுச் சத்தத்துக்கும் அடுப்படியிலிருந்தே, "குனிஞ்சு வந்தா இன்னாடி ஆண்டாளு, மூளையா கொறஞ்சிடப் போவுது?" என்பாள். கோபமாகச் சொல்லமாட்டாள், சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆண்டாளுக்கு அதுதான் பற்றிக்கொண்டு வரும். கொளஞ்சியப்பன் நல்ல மனுஷன். கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பக்கம் இருப்பான்.

கரும்பு நன்றாக வந்த ஒரு வருஷம், அதே தெருவில் மூன்று வீடு தள்ளித் தனிவீடு கட்டுவது என்று முடிவானது. மற்றது எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், வாசக்கால் மட்டும் எட்டடி என்று ஆண்டாள் சொல்லிவிட்டாள். எட்டடிக்கு எதற்கு, யானையா வளர்க்கப் போகிறாய் என்று கேட்டார்கள். தன் வீட்டுக்குள் தான் நிமிர்ந்து போக வேண்டும். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் ஆசைப்பட்டது இது ஒன்றுக்குத்தான்.

பொன்னுரங்கம் ஆசாரி கீழே ஊர்ப்பக்கமெல்லாம் மரம் தேடிப் பார்த்துவிட்டு, கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப்பக்கம் அம்மாசி என்பவரின் பட்டா நிலத்து ஓரத்தில் நின்றபடியே செத்துப்போன வேங்கை ஒன்று இருப்பதாகத் தெரிந்து வந்தார். அனுமதித் தாள்களை எல்லாம் முறையாக வாங்கிக்கொண்டு, கார்த்திகையில் ஒரு நாள் ஆண்டாளும் லாரியோடு மலையேறினாள். அம்மாசி மரத்தை நிமிர்ந்து பார்த்தார். "இது செத்துப் பன்னண்டு வருசமாவுதும்மா. காலியா கெடக்குன்னு நெனச்சிடாதீங்க. பச்சையா நின்னப்ப இருந்ததவுட இப்பத்தான் இதுல குடித்தனம் ஜாஸ்தி" என்றார். ஆண்டாள் அதை ஒரு மலைக்காரரின் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு மரியாதைக்குச் சிரித்தாள்.

மரம் வெட்டுவதற்கு முன் ஆசாரி செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. மரத்தை மூன்று சுற்று சுற்றி, உளியின் பின்புறத்தால் தட்டி, 'குடியிருக்கிறவங்க எல்லாம் வேற எடம் பாத்துக்குங்க' என்று மூன்று தடவை சொல்லி, இடது கையால் இன்னொரு மரத்தைக் காட்ட வேண்டும். ஒரு ராத்திரி அவகாசம் விட்டு மறுநாள்தான் கோடாரி. பொன்னுரங்கம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சுற்றக் கிளம்பியபோது ஆண்டாள்தான் தடுத்தாள். "செத்த மரத்துல யாரு ஆசாரி குடியிருக்காங்க? பொணத்துக்கா நோட்டீசு குடுப்பாங்க? லாரிக்காரன் ஆரன் அடிச்சிக்கினே இருக்கான், அறுங்க." பச்சை மரத்துக்குச் சொல்ல வேண்டும் என்று பொன்னுரங்கத்துக்கு அவர் அப்பா சொல்லியிருந்தார், செத்த மரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அறுத்துவிட்டார். லாரி கச்சிராயபாளையம் வந்து சேரும்வரை இரண்டு இருவாச்சிப் பறவைகள் பின்னாலேயே பறந்து வந்தன. வீடு மாற்றுகிறவர்கள் சாமான் வண்டிக்குப் பின்னால் பைக்கில் வருவதில்லையா, அந்த மாதிரி இருந்தது என்று டிரைவர் பிறகு சொன்னான்.

தை பிறந்ததும் நவதானியம் கட்டி, மஞ்சள் துணி சுற்றி, வாசக்காலை நிறுத்தினார்கள். உடும்பு தலைகாட்டியது மாசியில். அதற்குப் பிறகு மற்றவர்களுக்கும் கூச்சம் விட்டுப்போனது. இடதுபக்கக் கட்டையிலிருந்து ஒரு ஜோடிப் புள்ளி ஆந்தைகள் பொழுது சாயும்போது எட்டிப் பார்த்தன. மரங்கொத்தி ஒன்று உள்ளிருந்தே தட்டியது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று கொத்தனார்கள் நாளைக்குப் பத்துத் தடவை கதவைத் திறந்து பார்த்தார்கள். கொசுத்தேனீக்கள் சாவித்துவாரத்தின் வழியாகப் போய்வந்தன. மலையில் மழை பெய்தால் தியாகதுருகத்தில் கொளுத்துகிற வெயிலிலும் வாசக்கால் சொட்டச் சொட்ட நனையும்; மறுநாள் மேல்கட்டை முழுக்கக் காளான் பூக்கும். சித்தாள்கள் அதைப் பறித்து மிளகு போட்டு வதக்கித் தின்றார்கள். நன்றாக இருந்தது என்றும், உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி என்றும் சொன்னார்கள்.

பங்குனியில் இருவாச்சிகள் வந்து சேர்ந்தன. பெண் பறவை மேல்கட்டைக்குள் புகுந்து, உள்ளேயிருந்தபடியே வழியை மண்ணால் பூசி அடைத்துக்கொண்டது. மூக்கு நீட்டுகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டிருந்தது. ஆண் பறவை அத்திப்பழம் கொண்டுவந்து அந்த மூக்கில் ஊட்டியது. இதெல்லாம் நடக்கும்போது ஆண்டாள் கொல்லையில் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள். தரை போட்டாகிவிட்டது என்று சேதி வந்ததும், குளித்து, புதுப்புடவை கட்டி, எட்டடி வாசலுக்கு எதிரே நின்று, முதுகை நேராக்கி, முதல் தடவையாக உள்ளே அடி எடுத்து வைத்தாள். மேலிருந்து மூக்கு வந்து அவள் நெற்றியில், காய்த்துப்போன அந்த இடத்திலேயே, ணங்கென்று ஒரு கொத்து வைத்தது. மூக்கின் நீளம் அரைச் சாண், மேல்கட்டை எட்டடி உயரத்தில். எப்படி எட்டியது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. ஆண்டாள் அப்படியே எம்சாண்ட் குவியலில் உட்கார்ந்து அழுதாள். வலியால் அழவில்லை.

அந்த மூக்குக்கு ஆள் வித்தியாசம் இல்லை. யார் நிமிர்ந்து நுழைந்தாலும் அவரவர் நெற்றி உயரத்துக்கு இறங்கி வந்து கொத்தியது. சேதி கேட்டு வந்த செந்தமிழ்ச்செல்வி ஆந்தைகளை மட்டும் தெருவிலிருந்தே பார்த்துவிட்டு, "ஆந்த இருக்கிற வூட்ல பால் காய்ச்சுவாங்களாடி? அதுங்கள மொதல்ல காலி பண்ணு. இல்லாட்டி பேசாம நம்ம வூட்லயே இருந்துக்கோ" என்றாள். கடைசியாகப் பேசியது அவள் என்பதால் கொளஞ்சியப்பனும் அதையே சொன்னான். பால் காய்ச்ச சித்திரை இருபத்தாறு என்று நாள் குறித்திருந்தது. அதற்குள் காலி செய்யவில்லையென்றால் ஆண்டாள் நாலே முக்கால் அடிக்குத் திரும்பிப் போக வேண்டும்.

பொன்னுரங்கத்துக்கும் மனசு உறுத்திக்கொண்டிருந்தது. "சொல்லாம வுட்டது நம்ம தப்பும்மா. இப்ப சொல்லலாம். ஆனா எடம் காட்டணும். அதுங்க பச்ச மரத்துக்குப் போவாது, செத்த மரமாத்தான் வேணும்" என்றார். ஆண்டாள் கொளஞ்சியப்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து மூன்று நாள் செத்த மரம் தேடினாள். கீழ்நாட்டில் ஒரு மரம் செத்துவிட்டது என்ற சேதி பரவுவதற்குள் அது அடுப்புக்குள் போய்விடுகிறது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மணலூர்பேட்டையில் அவள் சின்ன வயதில் பார்த்த மொட்டைப் புளியமரம் இருந்த இடத்தில் டீக்கடை இருந்தது. எலவனாசூர்கோட்டை ஏரிக்கரையில் தலையில்லாத பனை ஒன்று அகப்பட்டது. கிட்டே போனால் உச்சியிலிருந்து கிளிகள் எட்டிப் பார்த்தன, நடுவிலிருந்து மைனாக்கள், கீழ்ப்பொந்திலிருந்து ஓர் ஆந்தைக் குடும்பம். எல்லா முகத்திலும் எரிச்சல். "ஹவுஸ்புல்லு" என்று சொல்லிக் கொளஞ்சியப்பன் வண்டியைத் திருப்பினான்.

சித்திரை இருபத்தைந்து காலை, தெருவே கூடி நிற்க, பொன்னுரங்கம் வாசக்காலைச் சுற்றினார். சுவரோடு நிற்கிற வாசக்காலைச் சுற்றுவது லேசான வேலை இல்லை. முன்வாசலில் குனிந்து நுழைந்து, பின்வாசல் வழியாக வெளியேறி, மாட்டுக்கொட்டகையைக் கடந்து, திரும்ப முன்வாசலுக்கு வர வேண்டும். மூன்றாவது சுற்றில் அவருக்கு மூச்சு வாங்கியது. உளியால் தட்டினார். மரங்கொத்தி நிறுத்தியது, தேனீக்கள் நிறுத்தின. இரண்டு ஆந்தைகளும் உடும்பும் தலையை மட்டும் வெளியே நீட்டிக் கவனித்தன. மேல்கட்டையில் மூக்கு தெரிந்தது. அதற்குப் பின்னால் சன்னமாக இன்னொரு குரல் கீச்சிட்டது. குஞ்சு பொரித்திருந்தது. பொன்னுரங்கம் மூன்று தடவை சொல்லி முடித்துவிட்டு, "வூடு உங்களுது, எடம் நீங்க காட்டுங்கம்மா. எடது கையால" என்றார்.

ஆண்டாள் இடது கையைத் தூக்கினாள். ஊரில் செத்த மரம் இல்லை என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவள்தான், ஆனால் மூன்று வீடு தள்ளி ஒன்று இருந்தது. செத்து இருநூறு வருஷம் ஆன தேக்கு, நாலே முக்கால் அடி உயரத்தில் வாசக்காலாக நின்றது. கை மெல்ல அந்தப்பக்கம் திரும்புவதைத் தெரு முழுக்கப் பார்த்தது. உடும்பும் அந்தப்பக்கம் திரும்பி இடத்தை ஒரு நோட்டம் விட்டது. "அடியே ஆண்டாளு, எங்கடி கைய காட்டிக்கினு போற?" என்று செந்தமிழ்ச்செல்வி அலறினாள். அந்த ஒரு நிமிஷம் ஆண்டாளுக்கு எவ்வளவு இனித்தது என்பதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. இப்போது கேட்டாலும் சொல்வாள்.

பிறகு அவள் கண் மேல்கட்டைக்குப் போனது. மண்ணால் பூசிய கீறல், அதில் ஒரு மூக்கு. வேறு வீட்டுக்கு வந்து, கையளவு இடத்தில் கதவை அடைத்துக்கொண்டு, பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிற ஒருத்தி. ஆண்டாள் கையை இறக்கிவிட்டாள். "அந்த வாசலுக்கு இன்னொரு பொம்பளைய அனுப்ப எனக்கு மனசு வரல ஆசாரி" என்றாள். கட்டையருகே போய், உள்ளங்கையால் தட்டி, "இருக்கிறவங்க இருங்க" என்று மூன்று தடவை சொன்னாள். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றான் கொளஞ்சியப்பன். கடைசியாகப் பேசியது ஆண்டாள்.

மறுநாள் பால் காய்ச்சினார்கள். முதலில் போன பசு, கொத்து வாங்கித் தலையைத் தாழ்த்தி நுழைந்தது. அடுத்து ஆண்டாள், பால் சொம்பும் கையுமாக, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, இருபத்திரண்டு வருஷத்துக்கும் சேர்த்து நிமிர்ந்து போனாள். மூக்கு வெளியே வந்தது, அவளைப் பார்த்தது, உள்ளே இழுத்துக்கொண்டது. பின்னால் வந்த கொளஞ்சியப்பனுக்கு ஒன்று விழுந்தது.

ஆனியில் கீறலை உடைத்துக்கொண்டு தாயும் குஞ்சும் பறந்தன. வருஷா வருஷம் பங்குனியில் இருவாச்சி திரும்பி வருகிறது. அது இல்லாத மாதங்களில் கொத்துகிற வேலையை ஆந்தைகள் முறைவைத்துப் பார்க்கின்றன. மீட்டர் படிக்கிறவர், ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள், பெண் பார்க்க வந்து போகிற வழியில் தண்ணீர் கேட்கிறவர்கள், எல்லோரும் குனிந்துதான் வருகிறார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து வனத்துறைப் பெண் ரம்யா வந்து, குனிந்து, டேப் பிடித்து, 'காடு, அஞ்சுக்கு நாலு இஞ்சு' என்று எழுதிக்கொண்டு போனாள். கரும்புக் கொல்லை ஓரத்தில் பிற்பாடு செத்துப்போன வேப்பமரம் ஒன்றை ஆண்டாள் வெட்ட விடவில்லை. மறுவருஷமே அதுவும் நிரம்பிவிட்டது. நெற்றிக் காய் கரைந்து போய், அந்த இடத்தில் பொட்டைக் கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொள்கிறாள்.

செந்தமிழ்ச்செல்வி மட்டும் மூன்று வருஷம் வரவில்லை. போன தையில், இருமலுக்குக் கொசுத்தேன் வேண்டும் என்று வந்தாள். நாலரை அடி உடம்பு, பிறந்ததிலிருந்து எந்த வாசலிலும் குனியாதவள், எட்டடி வாசலில் கையை வீசிக்கொண்டு நுழைந்தாள். ணங்கென்று சத்தம் கேட்டது. அடுப்படியிலிருந்து ஆண்டாள், கோபமே இல்லாமல், சிரித்துக்கொண்டே, "குனிஞ்சு வந்தா இன்னாக்கா, மூளையா கொறஞ்சிடப் போவுது?" என்றாள். செந்தமிழ்ச்செல்வி நெற்றியைத் தேய்த்தபடி மேல்கட்டையை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து உள்ளே வந்து, காபி குடித்து, தேன் வாங்கிக்கொண்டு, போகும்போதும் குனிந்தே போனாள்.