காலர் கறுத்த கோட்டு

மீன் கழுவிய தண்ணீரின் நாற்றம் பிந்தியாவுக்கு எப்போதோ பழகிவிட்டது. பழகாதது லோகேந்திரா மாமாவின் சென்ட். நெடுஞ்சாலையோர மீன் வறுவல் கடையின் வாசலில் காலேஜ் வேன் வந்து நின்றதும், ஆள் இறங்குவதற்கு முன்னால் அந்த வாசனை இறங்கியது. எண்ணெய்ப் புகையைத் தள்ளிக்கொண்டு வந்து மூக்கில் ஏறி உட்கார்ந்தது.

"எங்கம்மா நம்ம டாக்டரம்மா?" என்று கேட்டுக்கொண்டே மாமா அவளைத் தாண்டி உள்ளே போனார். நான்கு வருஷத்துக்கு முன்னால் இதே வாசலில், இதே குரலில் அவளைத்தான் அப்படிக் கூப்பிட்டார். இப்போது அவள் வெறும் மீன்சட்டிக்காரி. ஒரு தலையாட்டல்கூட இல்லை.

டாக்டரம்மா என்றது தங்கை குசுமை. பத்தாம் வகுப்பு முடிவு நேற்று வந்திருந்தது. கடைத்தெருவில் அவள்தான் முதல். அம்மா தேவ்குமாரி விடிந்ததும் தன் அண்ணன் லோகேந்திராவுக்குப் போன் போட்டுவிட்டாள். மாமா காத்மாண்டுவில் பிளஸ் டூ சயன்ஸ் காலேஜ் ஒன்றில் கெமிஸ்ட்ரி வாத்தியார். முடிவு வந்த வாரத்தில் மட்டும் அவருக்குக் கெமிஸ்ட்ரி கிடையாது. வேனில் மாலையும் வாழ்த்திப் பூசுகிற சிவப்புப் பொடியும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலை நெடுக மார்க் எடுத்த பிள்ளைகளைப் பிடிக்கிற வேலைதான்.

குசும் வேறு ஒன்று நினைத்திருந்தாள். பக்கத்து ஜில்லா தொழில்நுட்பப் பள்ளியில் சிவில் டிப்ளமோ. இந்தப் பக்கத்தில் ஓவர்சியர் படிப்பு என்பார்கள். சாலையை அகலப்படுத்த ஆட்கள் வந்தபோது, முக்காலியில் வைத்த கருவிக்குப் பின்னால் நின்று நின்று, அவர்கள் கையிலிருந்த அளவுகோலையே வாங்கிப் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரைவரை போனவள் அவள். நுழைவுத்தேர்வு எழுதி இடமும் வாங்கிவிட்டாள். நாளை மதியத்துக்குள் நேரில் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் அடுத்த ஆளுக்கு இடம் போய்விடும். அப்பா ஹர்க்கலால் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று முடிவு வரும்வரை ஓட்டிவிட்டார்.

பிந்தியாவுக்கு அந்தப் 'பார்க்கலாம்' நன்றாகத் தெரியும். அவள் விஷயத்திலும் அதைத்தான் சொன்னார். அவள் கேட்டது நர்ஸ் டிப்ளமோ. அவளும்தான் நுழைவுத்தேர்வில் தேறியிருந்தாள். அப்போதும் மாமா மாலையோடு வந்தார். நெற்றி, கன்னமெல்லாம் பொடி பூசி, ஒரு வெள்ளைக் கோட்டை மாட்டி, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பைத் தொங்கவிட்டுப் படம் எடுத்தார். மறுநாள் பாலத்து முனையில் ஆள் உயர ஃப்ளெக்ஸ்: வருங்கால டாக்டர் பிந்தியா ஷ்ரேஷ்டா. அதோடு கதை முடிந்தது. இந்தக் கடைத்தெருவில் ஃப்ளெக்ஸில் முகம் ஏறினால் நிச்சயதார்த்தம் முடிந்த மாதிரி. வந்தவன் போனவனெல்லாம் பார்த்துவிட்டுக் கை குலுக்குகிறான். "ஊரே டாக்டர்னு பார்த்துடுச்சு. இப்பப் போய் நர்சுன்னு சொன்னா நான் மூஞ்சிய எங்க கொண்டு போய் வச்சுக்கிறது?" என்றார் அப்பா. அவருடைய மூஞ்சியை வைக்க இடம் வேண்டும் என்பதற்காக அவள் மாமாவின் காலேஜில் இரண்டு வருஷம் பிசிக்ஸ் படித்தாள்.

சயன்ஸ் மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. பிடித்தவர்கள் படிக்கட்டும், மலையைத் தூக்கட்டும். அவளுக்கு அது ஏறவில்லை. பரீட்சையில் போனது, திருப்பி எழுதினாள், திரும்பவும் போனது. காலேஜ் அவளை மறந்துவிட்டது. ஃப்ளெக்ஸ் மட்டும் பாலத்து முனையில் பல்லைக் காட்டிக்கொண்டே இருந்தது. தோற்றுப்போய் வீட்டுக்கு வந்தவள் தினமும் தன் முகத்துக்குக் கீழேதான் மீன்கூடை சுமந்துகொண்டு நடந்தாள். அடுத்த மழைக்கு அதைக் கழற்றியபோது மாமாவே கொண்டுவந்து கொடுத்தார். "நல்ல ஷீட்டு. கோழிக்கூட்டு மேல போடு, சொட்டுத் தண்ணி இறங்காது." இன்றைக்கும் கூட்டுக் கூரையில் வருங்கால டாக்டர்தான் கோழி எச்சத்தோடு படுத்திருக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் பிந்தியாவுக்கு அழுகை வராது, அருவருப்புதான் வரும்.

உள்ளேயிருந்து மாமா குசுமை வாசலுக்கு அழைத்து வந்தார். வெளிச்சம் வேண்டுமாம். வளையல் கடை சுமித்ரா தன் பையனோடு வந்து ஏற்கெனவே ஓரமாக நின்றிருந்தாள். அடுத்த படம் அவனுக்கு.

"மாமா, நான் ஓவர்சியர் படிப்புக்குத்தான் போறேன். நாளைக்குச் சேரணும்" என்றாள் குசும்.

"ஓவர்சியரா? இவ்வளவு மார்க்க எடுத்துட்டு ஜல்லி எண்ணப் போறியா? அதெல்லாம் மார்க் வராத பசங்களுக்கும்மா." மாமா சிரித்தார். "தேவ்கு, உம்பொண்ணு சொல்றதக் கேளு."

"சின்னப் பொண்ணு, அவளுக்கு என்ன தெரியும். நீங்க எடுங்கண்ணே" என்றாள் அம்மா.

ஹர்க்கலால் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

மாமா ஒரு பாலிதீன் பையைப் பிரித்தார். வெள்ளைக் கோட்டை உதறினார். வெள்ளை என்று பெயர்தான். காலர் கறுத்துப் பிசுபிசுத்துக் கிடந்தது. அக்குளில் மஞ்சள் பூத்திருந்தது. எத்தனை பிள்ளைகளின் வியர்வையோ, எத்தனை ஊர்ப் பொடியோ! சென்ட்டையும் மீறி அதன் வீச்சம் அடித்தது. குசும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கையை நுழைத்தாள்.

மேல்பாக்கெட்டின் அடியில் நீலமாக ஒரு மைக்கறை. பிந்தியா கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள்.

அது அவள் கறை. அன்றைக்கு டாக்டர் மாதிரி இருக்கட்டும் என்று மாமா சொன்னதால் பள்ளிக்கூடப் பேனாவை அந்தப் பாக்கெட்டில் குத்தினாள். மூடி சரியில்லாத பேனா. மை இறங்கியதும் மாமா "பரவால்ல, தொவச்சாப் போயிடும்" என்றார். துவைக்கவே இல்லை! நான்கு வருஷமாக, ஒவ்வொரு முடிவுக்கும், வீட்டுக்கு வீடு, அதே கோட்டு. அவளிடமிருந்து கழற்றி அடுத்தவனுக்கு, அவனிடமிருந்து அடுத்தவளுக்கு. இப்போது சுற்றிக்கொண்டு அவள் தங்கையிடமே வந்து நிற்கிறது.

"கழட்டுடி."

மஞ்சளும் மிளகாயும் மீன்செதிலும் ஒட்டிய கையோடு போய்த் தங்கையின் தோளிலிருந்து கோட்டை உரித்தாள். பிடித்த இடமெல்லாம் மஞ்சள் விரல்கள் பதிந்தன.

"ஏய், ஏய்! என்ன பண்ற நீ? இருக்கிறது இது ஒண்ணுதான். இன்னும் அஞ்சாறு வீடு போகணும்!" மாமா பதறினார்.

"தெரியும் மாமா. ஒண்ணுதான்னு இப்பத்தான் தெரிஞ்சது."

அவள் அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டாள். பொத்தானைப் போட்டாள். அவர் கையில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பையும் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு போய் மீன்சட்டிக்கு முன்னால் நின்றாள். அந்த நேரம் பார்த்து ஒரு மைக்ரோ பஸ் வந்து நின்றது. இறங்கியவர்கள் அவலும் மீனும் கேட்க வாயெடுத்து, வெள்ளைக் கோட்டைப் பார்த்து நின்றுவிட்டார்கள்.

"எடுங்க மாமா படத்த. ஏன் நிக்கிறீங்க? உங்க காலேஜ் பொண்ணுதானே நான். பாலத்து முனையில தொங்கவிட்டீங்கல்ல, இப்ப இதையும் தொங்கவிடுங்க. துண்டு மீனு போட்டுக்கிட்டே சிரிக்கிறேன்."

"டாக்டரம்மா, மீனு சாகலையா இன்னும்?" என்று பஸ்ஸிலிருந்து ஒருவன் கத்தினான். நாலு பேர் சிரித்தார்கள்.

"பிந்தியா, உள்ள போடி! மானத்த வாங்குறியே" என்றாள் அம்மா.

"வாங்கறதுக்கு இங்க என்னம்மா மிச்சம் இருக்கு? கோழிக்கூட்டு மேல போய்ப் பாரு."

மாமாவின் முகம் சிவந்துவிட்டது. விரலை நீட்டிப் பெயர்ப்பலகையைக் காட்டினார். திரிசூலி ஆற்று மீன் என்று அதில் எழுதியிருந்தது. "பெரிய நியாயம் பேசுறா. நீங்க மட்டும் என்ன யோக்கியமா? தெற்கத்திக் குளத்துலேர்ந்து ஐஸ் பெட்டியில வர்ற மீன ஆத்து மீன்னுதானே விக்கிறீங்க? விளம்பரம்னா அப்படித்தான்."

அவர் சொன்னது பொய் இல்லை. அந்தப் பலகையும் அவளுக்கு அருவருப்புதான். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் இரண்டு பேர் அடுத்த கடைப் பக்கம் நகர்ந்தார்கள்.

"ஆமா, குளத்து மீனுதான்" என்றாள் பிந்தியா, எல்லோருக்கும் கேட்கும்படி. "ஆனா தின்னவங்க கையைக் கழுவிட்டு பஸ் ஏறிப் போயிடுவாங்க மாமா. நான் எங்க போறது? இங்கயேதான் நிக்கிறேன்."

சுமித்ரா பையனின் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பினாள்.

"எங்க பையனுக்குப் படம் வேணாம் சார். சயன்ஸுன்னா அவனே வந்து காலேஜப் பார்த்துட்டுச் சேரட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

"மாப்ள, நீங்களாவது சொல்லுங்க" என்று மாமா ஹர்க்கலாலிடம் திரும்பினார்.

ஹர்க்கலால் மாலையை மேஜைமேல் வைத்தார். சட்டிப் பக்கம் வந்து மகளை மேலும் கீழும் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்து பிந்தியா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இப்ப சரியா இருக்கு" என்றார் அவர். "அன்னிக்குக் கை ரொம்ப நீளமா இருந்துச்சு. வெரல்கூட வெளிய தெரியல. நான்தான் மடிச்சு விட்டேன்."

பிந்தியா தன் கையைப் பார்த்தாள். கோட்டின் நுனி சரியாக மணிக்கட்டில் வந்து நின்றிருந்தது. அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"மச்சான், மீனு சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க" என்றார் ஹர்க்கலால், திரும்பிப் பார்க்காமல். "குசும், பையக் கட்டி வை. நாளைக்குக் காலைல மொத பஸ்ஸுல நானே கூட்டிட்டுப் போறேன்."

மாமா மீன் சாப்பிடவில்லை. ஸ்டெதஸ்கோப்பை மட்டும் பிடுங்கிக்கொண்டார். மஞ்சளும் எண்ணெயும் ஏறிய கோட்டைத் தொடக்கூட அவருக்கு மனசு வரவில்லை. அவருக்கும் அருவருப்பாம். வேன் போனபிறகும் அந்த சென்ட் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றது.

பிந்தியா கோட்டைக் கழற்றி விரல்நுனியில் பிடித்துக்கொண்டு நின்றாள். குசும் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இதையும் கோழிக்கூட்டுக்கே கட்டிடலாமா? வாசப்பக்கம் சாரல் அடிக்காது."

"வேணாம்டி" என்றாள் பிந்தியா. "அங்க இருக்கிற ஃப்ளெக்ஸையும் நாளைக்குப் பிச்சுடணும். கோழி என்ன பாவம் பண்ணிச்சு."

அடுப்பின் வாயைத் திறந்து கோட்டை உள்ளே தள்ளினாள். அது எரியும்போதும் நாறியது.